வண்டிக்கு வந்த முறைக் காய்ச்சல்!
ஒரு நாள் ஓடும். ஒரு நாள் அசையாது: நோயைக் கண்டுபிடிப்பது எப்படி?

முறைக் காய்ச்சல் என்று ஒன்று உண்டு. ஒரு நாள் உடம்பு நெருப்பாய்க் கொதிக்கும். மறுநாள் ஒன்றுமே இல்லாதது போல இருக்கும். வைத்தியரிடம் போகும் நேரத்தில் காய்ச்சல் இருக்காது!

மனிதனுக்கு மட்டும் அல்ல, மோட்டார் வண்டிக்கும் இந்தக் காய்ச்சல் வருவது உண்டு.

சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். என்ஜின் சுற்றாது. மூன்று, நான்கு தடவை திருப்பினால் திடீரென்று புறப்பட்டுவிடும். பட்டறைக்குக் கொண்டு போனாலோ, பத்துத் தடவை திருப்பினாலும் பத்துத் தடவையும் ஓடும். "வண்டி நன்றாகத்தானே இருக்கிறது?" என்பார் மெக்கானிக். மறுநாள் விடியற்காலையில் மறுபடியும் 'டக்'!

குட்டி யானையை நம்பும் குடும்பங்கள்

'குட்டி யானை' என்று மக்கள் செல்லமாக அழைக்கும் சின்ன லாரி 2005-ம் ஆண்டில் விற்பனைக்கு வந்தது. முதலில் வந்த வண்டிக்கு இரண்டு சிலிண்டர் டீசல் என்ஜின். பெரிய லாரி நுழைய முடியாத சந்துக்குள்ளும் அது நுழைந்தது. கடன் வாங்கி ஒரு வண்டி எடுத்து, தாமே ஓட்டிப் பிழைக்கும் குடும்பங்கள் பெருகின. அதைப் போலவே வேறு பல கம்பெனிகளின் சின்ன லாரிகளும் வந்தன.

இந்தக் குடும்பங்களுக்கு வண்டிதான் வயல், வண்டிதான் கடை. காய்கறி ஏற்றும் வண்டி விடியற்காலையில் மார்க்கெட்டுக்குப் போய்ச் சேர வேண்டும். இரண்டு மணி நேரம் தாமதித்தால் தக்காளி விலை இறங்கிவிடும். வாடகை போகும். அடுத்த நாள் அந்த வியாபாரி வேறு வண்டியைக் கூப்பிடுவார்.

இந்தப் பயத்தில் என்ன செய்கிறார்கள்? முதலில் புது பேட்டரி வாங்கிப் போடுகிறார்கள். நான்கு நாள் ஓடுகிறது. ஐந்தாம் நாள் 'டக்'! அடுத்து செல்ஃப் மோட்டாரை மாற்றுகிறார்கள். பத்து நாள் ஓடுகிறது. மறுபடியும் 'டக்'! ஆயிரம் ஆயிரமாகப் பணம் போகிறது. நோய் போகவில்லை.

காரணம் என்ன? நோயைப் பார்க்காமல் மருந்து கொடுத்ததுதான்!

அன்று கைப்பிடி, இன்று சாவி

அந்தக் காலத்தில் மோட்டாருக்கு முன்னால் நின்று, இரும்புக் கைப்பிடியைப் போட்டுச் சுற்றுவார்கள். என்ஜின் திருப்பி உதைத்தால் கை எலும்பு முறியும். அமெரிக்காவில் சார்லஸ் கெட்டரிங் என்ற என்ஜினீயர், மின்சாரத்தால் என்ஜினைச் சுற்றும் கருவியை அமைத்தார். 1912-ம் ஆண்டின் காடிலாக் கார்களில் அது பொருத்தப்பட்டது. அதன் வழியில் வந்ததுதான் இன்றைய 'செல்ஃப்'.

அது வேலை செய்யும் விதம் எளிது. பேட்டரியில் மின்சாரம் இருக்கிறது. சாவியைத் திருப்பினால், மெல்லிய ஒயர் வழியாகக் கொஞ்சம் மின்சாரம் செல்ஃபின் மேல் இருக்கும் சோலினாய்டுக்குப் போகிறது. அது 'டக்' என்று ஒரு கதவைத் திறக்கிறது. உடனே தடித்த ஒயர் வழியாக மின்சார வெள்ளம் பாய்ந்து, செல்ஃப் மோட்டார் சுற்றி, என்ஜினையும் சுற்றுகிறது. அந்த மின்சாரம் என்ஜின் உடம்பு வழியாக, எர்த் ஒயரில் ஏறி, பேட்டரிக்கே திரும்புகிறது.

போகும் வழி, திரும்பும் வழி இரண்டும் சரியாக இருக்க வேண்டும். ஒன்று கெட்டாலும் செல்ஃப் சுற்றாது.

காதைத் தீட்டிக் கேளுங்கள்

நாடி பார்ப்பது போல, முதலில் சத்தத்தைக் கேட்க வேண்டும். முன் விளக்கைப் போட்டுவிட்டுச் சாவியைத் திருப்புங்கள்.

'டிக் டிக் டிக்' என்று தொடர்ந்து சத்தம் வந்து, விளக்கும் மங்கினால்: பேட்டரியில் பலம் இல்லை, அல்லது பேட்டரி முனையில் பிடிப்பு இல்லை.

ஒரே ஒரு 'டக்' வந்து, விளக்கு மங்காமல் எரிந்தால்: செல்ஃபிலோ, தடித்த ஒயரிலோ, என்ஜின் எர்த்திலோ கோளாறு.

சத்தமே இல்லை, விளக்கு பிரகாசமாக எரிகிறது என்றால்: சாவி ஸ்விட்ச், ரிலே, ஃபியூஸ், சோலினாய்டு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். சில வண்டிகளில் கிளட்சை மிதித்தால்தான் செல்ஃப் வேலை செய்யும். அந்தக் கிளட்ச் ஸ்விட்சும் கெடுவது உண்டு.

செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, என்ஜின் மட்டும் பிடிக்கவில்லை என்றால்: பேட்டரியையும் செல்ஃபையும் தொடவே வேண்டாம்! கோளாறு வேறு இடத்தில் இருக்கிறது. டீசல் வண்டியானால் எண்ணெய்க் குழாயில் காற்று புகுந்திருக்கலாம். ஃபில்டரில் தண்ணீர் சேர்ந்திருக்கலாம். பெட்ரோல் வண்டியானால் பெட்ரோல் பம்பையும் பிளக்கில் வரும் தீப்பொறியையும் பார்க்க வேண்டும்.

விளக்கு எரிகிறதே!

"பேட்டரி நல்ல பேட்டரி. விளக்கு எரிகிறது. ஹாரன் அடிக்கிறது. செல்ஃப் மட்டும் ஏன் சுற்றவில்லை?" பலரைக் குழப்பும் கேள்வி இது.

ஒரு முன் விளக்குக்கு வேண்டியது சுமார் 5 ஆம்பியர் மின்சாரம். செல்ஃபுக்கோ 100 ஆம்பியருக்கு மேல் வேண்டும்! பாதி அடைத்த குழாயில் குடிக்கத் தண்ணீர் கிடைக்கும். வயலுக்குப் பாய்ச்ச முடியுமா?

பேட்டரி முனையில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருப்பதுதான் அந்த அடைப்பு. எர்த் ஒயர் போல்ட்டுக்கு அடியில் இருக்கும் துருவும் அடைப்புதான். வண்டி குலுங்கும்போது போல்ட் கொஞ்சம் நகரும். நகர்ந்த இடத்தில் பிடிப்பு வந்தால் வண்டி ஓடும். பிடிப்பு போனால் 'டக்'! விட்டு விட்டு வரும் காய்ச்சலின் ரகசியம் பெரும்பாலும் இதுதான். புது பேட்டரி போட்டதும் சில நாள் ஓடியதற்கும் இதுவே காரணமாக இருக்கலாம். பேட்டரியை மாற்றும்போது முனையைச் சுரண்டி, நட்டை முறுக்கியிருப்பார்கள். குணமாக்கியது பேட்டரி அல்ல, ஸ்பானர்!

மீட்டர் பொய் சொல்லாது

கடையில் கிடைக்கும் சாதாரண மல்டி மீட்டர் போதும்.

ஓய்வில் இருக்கும் 12 வோல்ட் பேட்டரி, முழு சார்ஜில் சுமார் 12.6 வோல்ட் காட்ட வேண்டும். செல்ஃப் சுற்றும்போது 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கக் கூடாது. என்ஜின் ஓடும்போது சுமார் 14 வோல்ட் வர வேண்டும். வராவிட்டால் ஆல்டர்னேட்டர் சார்ஜ் கொடுக்கவில்லை என்று அர்த்தம்.

அடுத்து எர்த் பரிசோதனை. மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் மைனஸ் முனையிலும், மறு முனையை என்ஜினின் சுத்தமான இரும்பிலும் வையுங்கள். ஒருவர் சாவியைத் திருப்பட்டும். மீட்டர் கிட்டத்தட்ட பூஜ்யம் காட்டினால் நல்லது. அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் திருடன் அகப்பட்டான்! எர்த் ஒயரின் இரு முனைகளையும் கழற்றி, பளபளவென்று தேய்த்து, இறுக்கிப் பூட்ட வேண்டும். பெரிய செலவு இல்லை.

எர்த்தும் பேட்டரியும் சரி, 'டக்' மட்டும் நிற்கவில்லை என்றால், செல்ஃபுக்குள் இருக்கும் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம். செல்ஃபை லேசாகத் தட்டியதும் வண்டி புறப்பட்டால், அது பிரஷ் தேய்ந்ததற்கு அடையாளம். தட்டுவது மருந்து ஆகாது. அன்றே பட்டறைக்குப் போக வேண்டும்.

உஷார்!

சோதிக்கும்போது கியர் நியூட்ரலில் இருக்கட்டும். கைப் பிரேக் போட்டிருக்கட்டும். இல்லாவிட்டால் வண்டி பாய்ந்துவிடும். ஸ்குரூ டிரைவரை வைத்து செல்ஃபை 'ஷார்ட்' செய்வது ஆபத்து. உயிர் போனவர்களும் உண்டு. பேட்டரியிலிருந்து தீப்பிடிக்கும் வாயு வரும். அருகில் பீடி, சிகரெட் கூடாது. கழற்றும்போது முதலில் மைனஸ் முனை. பூட்டும்போது கடைசியில் மைனஸ் முனை.

காலணா நோட்டு

இந்தக் காய்ச்சலுக்கு மிகச் சிறந்த கருவி மீட்டர்கூட அல்ல. ஒரு சின்ன நோட்டுப் புத்தகம்!

வண்டி மறுத்த நேரம் எது? விடியற்காலையா, வெயிலில் ஓடி நின்ற பிறகா? மழை பெய்ததா? என்ன சத்தம் வந்தது? விளக்கு மங்கியதா? இவற்றை எழுதி வையுங்கள். இரவு முழுவதும் நின்ற பிறகே மறுத்தால், எங்கோ மின்சாரம் கசிந்து பேட்டரி இறங்குகிறதா என்று பார்க்கலாம். சூட்டில் மட்டும் மறுத்தால் செல்ஃபையும் சோலினாய்டையும் சந்தேகிக்கலாம். ஈரத்தில் மறுத்தால் ஒயரையும் இணைப்புகளையும் பார்க்கலாம்.

ஓட்டுகிறவருக்கு எழுத நேரம் இல்லையா? பள்ளிக்கூடம் போகும் பிள்ளையிடம் சொன்னால் அழகாக எழுதிக் கொடுக்கும். ஐந்து, ஆறு வரி சேர்ந்ததும் மெக்கானிக்கிடம் காட்டுங்கள். பட்டறையில் வண்டி நல்ல பிள்ளையாக ஓடினாலும், வீட்டில் அது செய்த குறும்பை நோட்டு சொல்லிவிடும்!