மின்னல் தாக்கியவரைத் தொட்டால் ஷாக் அடிக்குமா? பழவேற்காடு ஏரி சொல்லும் மின்சாரப் பாடம்

திருவள்ளூர் மாவட்டம் பழவேற்காடு ஏரியில், தண்ணீர் சூழ்ந்து கிடக்கும் மீனவ கிராமம் பசியாவரம். சுற்றிலும் உவர்நீர், தலைக்கு மேல் திறந்த வானம். ஏரியில் வலை போடுபவர்களுக்கும், தண்ணீரில் இறங்கி கையால் தடவி இறால் பிடிப்பவர்களுக்கும் இடி மழை திடீரென வந்துவிட்டால் ஒதுங்க இடம் கிடையாது.

2022-ம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் மின்னல் தாக்கி 2,887 பேர் உயிரிழந்ததாகச் சொல்கிறது தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கை. அந்த ஆண்டு இயற்கைச் சீற்றங்களால் நேர்ந்த மரணங்களில் இது மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகம்.

ஆனால், மின்னல் தாக்கிய எல்லோரும் இறந்துவிடுவதில்லை. பக்கத்தில் இருப்பவர் உடனே முதலுதவி செய்தால் பிழைக்க வாய்ப்பு இருக்கிறது. சிக்கல் என்னவென்றால், "தொட்டா நமக்கும் ஷாக் அடிக்கும்" என்று பயந்து பலர் தள்ளி நின்றுவிடுகிறார்கள். அந்தப் பயம் சரிதானா? அதற்குப் பதில், சீப்பும் காகிதமுமாக பள்ளிக்கூடத்தில் நாம் விளையாடிய நிலை மின்சாரத்தில் இருக்கிறது.

ஒரு பொருளில் மின்னூட்டம் எப்படி ஏறுகிறது?

எல்லாப் பொருட்களும் அணுக்களால் ஆனவை. ஒவ்வொரு அணுவிலும் நேர் மின்னூட்டம் கொண்ட புரோட்டான்களும், எதிர் மின்னூட்டம் கொண்ட எலெக்ட்ரான்களும் சம எண்ணிக்கையில் இருக்கும். கணக்கு சரியாக இருப்பதால் வெளியே எதுவும் தெரியாது.

பிளாஸ்டிக் சீப்பால் தலை வாரும்போது, முடியில் இருக்கும் எலெக்ட்ரான்களில் கொஞ்சம் சீப்புக்குத் தாவுகின்றன. சீப்புக்கு எதிர் மின்னூட்டம், முடிக்கு நேர் மின்னூட்டம். இங்கே புதிதாக மின்சாரம் எதுவும் உற்பத்தி ஆகவில்லை. இருந்தது இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

தேய்ப்பது ஒரு வழி. மின்னூட்டம் உள்ள பொருளைத் தொடுவது இன்னொரு வழி. தொடாமலேயே, பக்கத்தில் கொண்டுபோனாலே எதிரே இருக்கும் பொருளில் எலெக்ட்ரான்கள் நகர்வது மூன்றாவது வழி. இதற்கு 'மின்தூண்டல்' என்று பெயர். சீப்பைத் தொடாமலேயே காகிதத் துண்டு எழும்பி வருகிறதே, அது இதனால்தான்.

பழவேற்காட்டில் சீப்பு வித்தை ஏன் எடுபடாது?

டெல்லியில் குளிர்காலத்தில் ஸ்வெட்டரைக் கழற்றினால் 'பட பட'வென்று சத்தம் வரும், கதவுக் கைப்பிடியைத் தொட்டால் சுர்ரென்று இழுக்கும். நம்ம ஊர் கடலோரத்தில் அப்படி நடப்பது அபூர்வம். காரணம் ஈரப்பதம்.

ஈரக்காற்று மின்சாரத்தை நன்றாகக் கடத்தும் என்று பலர் நினைக்கிறார்கள். விஷயம் அது இல்லை. ஈரப்பதம் அதிகமாக இருக்கும்போது சீப்பு, துணி, தோல் என எல்லாவற்றின் மேலும் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய நீர்ப்படலம் படிகிறது. ஏறிய மின்னூட்டம் அந்தப் படலத்தின் வழியாக உடனுக்குடன் கசிந்து போய்விடும்.

இங்கே ஒரு விதியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வெளியேற வழி இல்லாத இடத்தில்தான் மின்னூட்டம் தங்கும். வழி கிடைத்தால் ஓடிவிடும்.

அப்படியென்றால் மேகத்தில் மட்டும் எப்படி?

சீப்பில் மின்னூட்டம் தங்கவிடாமல் செய்யும் அதே ஈரம்தான், மேலே ஏறும்போது மின்னலுக்கு மூலப்பொருள் ஆகிறது. வெப்பமான ஈரக்காற்று வேகமாக மேலெழுந்து பல கிலோமீட்டர் உயரத்தில் உறைகிறது. மேகத்துக்குள் லேசான பனித்துகள்கள் மேலே போகும்போது, கனமான ஆலங்கட்டித் துணுக்குகளோடு மோதுகின்றன. சீப்பும் முடியும் உரசியது போலத்தான் இதுவும். பொதுவாக, லேசான துகள்கள் நேர் மின்னூட்டத்தோடு மேகத்தின் உச்சிக்குப் போகும். கனமானவை எதிர் மின்னூட்டத்தோடு கீழ்ப்பகுதியில் சேரும்.

இந்தத் துகள்கள் தனித்தனியாக காற்றில் மிதப்பவை. காற்று ஒரு மின்கடத்தாப் பொருள். வெளியேற வழி இல்லாததால் மின்னூட்டம் சேர்ந்துகொண்டே போகிறது. ஒரு கட்டத்தில் காற்றால் தாக்குப்பிடிக்க முடியாமல் போகும்போது மின்னல் வெட்டுகிறது. அந்தப் பாதையில் வெப்பநிலை சுமார் 30,000 டிகிரி செல்சியஸ் வரை போகும். சூரியனின் மேற்பரப்பைப் போல ஐந்து மடங்கு!

படகில் நிற்பவருக்கு ஏன் ஆபத்து?

மேகத்தின் அடிப்பகுதியில் சேர்ந்த எதிர் மின்னூட்டம், கீழே தரையிலும் தண்ணீரிலும் உள்ள எலெக்ட்ரான்களைத் தள்ளிவிடுகிறது. அதனால் மேற்பரப்பு நேர் மின்னூட்டம் பெறுகிறது. அதே மின்தூண்டல்தான். மேகத்தில் இருந்து மின்னல் இறங்கும்போது உயரமாக நீட்டிக்கொண்டிருக்கும் பொருள் அதற்கு எளிதான வழி. பரந்த ஏரியில் அந்த உயரமான பொருள் படகில் நிற்கும் மனிதராகவோ, அவர் கையில் இருக்கும் கோலாகவோ இருக்கலாம். தண்ணீரில் விழுந்தாலும் உப்பு நீரின் மேற்பரப்பில் மின்சாரம் பரவும் என்பதால், தண்ணீரில் நிற்பவர்களுக்கும் ஆபத்துதான்.

ஏரிக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் ஏவும் முன் மின்னல் அபாயத்தைப் பார்ப்பதும் இதற்காகத்தான். 1969 நவம்பர் 14-ல் அமெரிக்காவின் அப்பல்லோ 12 கிளம்பிய முதல் ஒரு நிமிடத்துக்குள் இரண்டு முறை மின்னல் தாக்கியது. ராக்கெட்டும் அதன் புகையும் சேர்ந்து மேகத்துக்கு வழி போட்டுக் கொடுத்துவிட்டன.

என்ன செய்யலாம்?

* இடி இடித்தால் 'அர்ஜுனா அர்ஜுனா' சொல்லச் சொல்வார்கள் பாட்டிகள். அதோடு எண்ணவும் செய்யுங்கள். மின்னலைப் பார்த்த நொடியில் இருந்து இடிச்சத்தம் கேட்கும் வரை மூன்று விநாடிக்கு ஒரு கிலோமீட்டர் தூரம். 30 விநாடிக்குள் கேட்டால் மின்னல் 10 கி.மீ.க்குள் இருக்கிறது.
* இடிச்சத்தம் கேட்டாலே கரைக்குத் திரும்புங்கள். கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் தண்ணீரில் இறங்க வேண்டாம்.
* கரைக்கு வர முடியாவிட்டால் கோலைக் கீழே வைத்துவிட்டு, எஞ்சின் போன்ற உலோகப் பொருட்களைத் தொடாமல் படகில் தாழ்வாக உட்காருங்கள். கை, கால் தண்ணீரில் படக் கூடாது.
* கரையில் தனியாக நிற்கும் பனைமரத்தடியும், நாலு பக்கமும் திறந்த கொட்டகையும் பாதுகாப்பு இல்லை. கான்கிரீட் வீடு அல்லது மூடிய கார் நல்லது.
* புனேயில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனம் உருவாக்கிய 'தாமினி' செயலி, நீங்கள் இருக்கும் இடத்தைச் சுற்றி மின்னல் வாய்ப்பு இருந்தால் எச்சரிக்கும்.

சரி, தொட்டால் ஷாக் அடிக்குமா?

அடிக்காது. அந்த விதியை நினைத்துப் பாருங்கள். மனித உடம்பு மின்சாரத்தைக் கடத்தும். காலுக்குக் கீழே ஈர மண். வெளியேற வழி தாராளமாக இருக்கிறது. மின்னல் ஒரு விநாடிக்கும் குறைவான நேரத்தில் உடலைக் கடந்து மண்ணுக்குப் போய்விடும், எதுவும் மிச்சம் இருக்காது. அறுந்து விழுந்த கரன்ட் கம்பியில் சிக்கியவர் கதை வேறு. அங்கே மின்சாரம் தொடர்ந்து வந்துகொண்டிருக்கும், அதனால் தொடக் கூடாது. மின்னலில் அப்படி இல்லை.

மின்னல் தாக்கியவர் பேச்சுமூச்சு இல்லாமல் கிடந்தால், முடிந்தால் பாதுகாப்பான இடத்துக்கு நகர்த்துங்கள். ஒருவர் 108-க்கு அழைக்கட்டும். இன்னொருவர் நெஞ்சின் நடுவில் இரண்டு கைகளையும் வைத்து, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை வேகத்தில் பலமாக அழுத்த வேண்டும். பசியாவரம் போன்ற ஊர்களுக்கு ஆம்புலன்ஸ் வந்து சேரும் வரை அவர் உயிர், பக்கத்தில் நிற்பவரின் கையில்தான் இருக்கிறது. தயங்காமல் தொடுங்கள்.