மூடிக்குள்ளே வாத்து வரிசை

முதல் வேலையாக மேல்மூடியைத் திறந்துவிடுவோம். இரண்டே திருகாணிகள்தான். சில மாடல்களில் அதுவும் கிடையாது. கீல் வைத்த மூடி, விரலால் தூக்கினாலே எழுந்துகொள்ளும். இப்போது குனிந்து உள்ளே பாருங்கள். ஒரே தண்டில் கோத்து அடுக்கிய உலோக வட்டுகள் தெரிகின்றனவா? ஒவ்வொன்றின் விளிம்பும் ஒவ்வொரு மாதிரி. ஒன்றில் நிதானமான ஏற்ற இறக்கம், ஒன்றில் திடீர்ப் பள்ளம், இன்னொன்றில் பொடிப்பொடியாகப் பற்கள். பக்கத்தில் ஒரு சின்ன இரும்பு விரல் வட்டின் விளிம்பில் சாய்ந்து நிற்கிறது. கைச்சக்கரத்தை மெதுவாக உங்கள் பக்கமாகச் சுற்றுங்கள். வட்டு துளித்துளியாக நகர்கிறது, விரல் மேட்டில் ஏறிப் பள்ளத்தில் இறங்குகிறது, கீழே ஊசி இடமும் வலமுமாக ஆடுகிறது! இந்த ஆட்டம்தான் துணியில் இலையாகவும் இதயமாகவும் வாத்தாகவும் பதிகிறது. 1950களின் பிற்பகுதியிலும் 60களிலும் ஜப்பானில் செய்த ஜிக்ஜாக் தையல் மெஷின் இது. சிப் கிடையாது, திரை கிடையாது. பூத்தையல் மொத்தத்தையும் உலோகத்தில் வெட்டி வைத்திருக்கிறார்கள்.

சேலைக்குப் பிகோ அடிக்கக் கொடுத்தவர்களுக்கு ஜிக்ஜாக்கை விளக்க வேண்டாம். ஊசி இடது, வலது, இடது, வலது என்று ஒரே அளவில் ஆடும். பூத்தையலில் அந்த அளவு தையலுக்குத் தையல் மாறும். முதலில் நூலளவு, அடுத்தது கொஞ்சம் அகலம், அதற்கடுத்தது இன்னும் அகலம், பிறகு படிப்படியாகச் சுருக்கம். தையல் நீளத்தை ஏறக்குறைய பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து நெருக்கி ஓட்டினால் ஒரு முழு இலை தயார். முறுக்கு உரலில் அச்சை மாற்றினால் தேன்குழல் ஓமப்பொடியாகிவிடுவது போல, இங்கே வட்டை மாற்றினால் இலை பந்தாகிவிடும். மாவும் அதே, உரலும் அதே!

என்னை இன்னும் வாய்பிளக்க வைப்பது இதிலுள்ள நேரக்கணக்கு. ஊசி துணிக்குள் இருக்கும்போது பக்கவாட்டில் ஆடினால் வளைந்துபோகும், உடையும். துணியை விட்டு வெளியே வந்த அந்த இமைப்பொழுதில்தான் அது இடம் மாற வேண்டும். மேல்தண்டின் வேகத்தை ஒரு பல்சக்கரம் பல மடங்கு குறைத்து வட்டுக்குக் கொடுக்கிறது. ஒவ்வொரு தையலுக்கும் விளிம்பில் ஒரு படி வெட்டியிருக்கிறது; ஏற்றமும் இறக்கமும் ஊசி மேலே இருக்கும் கணத்தில் மட்டும் வரும்படி அந்தப் படிகளை அமைத்திருக்கிறார்கள். ஆகவே பழகிய கண்ணுக்கு வட்டே ஒரு வாசகம். துணியே தேவையில்லை, விளிம்பைப் பார்த்து என்ன பூ வரும் என்று சொல்லிவிடலாம்.

நான் இருப்பது நியூ ஜெர்சி. இந்தப் பைத்தியத்துக்கு இதைவிட நல்ல இடம் அமையாது. அந்தக் காலத்து ஜப்பான் மெஷின்கள் கப்பல் கப்பலாக வந்து இறங்கிய நாடு அமெரிக்கா. பழைய சாமான் கடைகளிலும், வீட்டைக் காலி செய்பவர்கள் முற்றத்தில் பரப்பும் விற்பனைகளிலும் இன்றும் அகப்படுகின்றன. எங்கள் வீட்டு நிலவறையில் அவை நிற்கும் வரிசையைப் பார்த்தால் யாருக்கும் சிரிப்பு வந்துவிடும். மயில்கழுத்துப் பச்சை, ரோஜா, வெளிர்நீலம், பாதி கிரீம் பாதி செம்பு! அன்றைய அமெரிக்கக் கார்களின் இரட்டை வண்ணமும் குரோம் பட்டையும் அப்படியே தையல் மெஷினில் ஏறியிருக்கின்றன. பெயர்ப்பலகைகூடக் காரின் மூக்கில் ஒட்டுவது மாதிரி சாய்ந்த எழுத்தில், பளபளவென்று. மோர்ஸ், டிரஸ்மேக்கர், நெல்கோ, யுனிவர்சல், வைட், கென்மோர் என்று எல்லாமே ஆங்கிலப் பெயர்கள். ஜப்பானைக் காட்டுவது எங்கோ மூலையில் உள்ள பொடி எழுத்து மட்டும்.

இரண்டாம் உலகப் போர் முடிந்து அதிக ஆண்டுகள் ஆகாத காலம். ஜப்பான் பெயரோடு விற்க இறக்குமதியாளர்கள் தயங்கினார்கள். மேசையும் பெட்டியும் இல்லாமல் மெஷினின் தலையை மட்டும் மொத்தமாக வரவழைத்து, கடைக்கொரு பெயர் ஒட்டினார்கள். அப்படி ஒட்டிய பெயர்கள் ஆயிரக்கணக்கில் போகும்.

இந்தத் தொழில் அங்கே எப்படிக் கிளைத்தது என்பது மெஷினுக்குச் சற்றும் குறையாத சுவாரசியம். தோக்கியோவில் 1938-இல் சுமார் 900 இயந்திரத் தொழில் செய்பவர்கள் சேர்ந்து முதல் போட்டு ஆரம்பித்ததுதான் ஜூகி. துப்பாக்கி செய்துகொண்டிருந்த அந்த ஆலை, போர் முடிந்ததும் தையல் மெஷினுக்குத் திரும்பி, 1947-இல் முதல் வீட்டு மெஷினைக் கொண்டுவந்தது. விமான எஞ்சினுக்காகப் போர்க்காலத்தில் தொடங்கிய டொயோட்டா குழுமத்து ஆலை ஒன்று 1946-இல் தையல் மெஷினில் இறங்கியது. ஆம், கார் செய்யும் அதே டொயோட்டா! நகோயாவின் பிரதர் குடும்பத்துக்கோ இது புது வேலையே இல்லை. 1908-இல் மெஷின் பழுதுபார்க்கும் கடையாகத் தொடங்கி, 1928-இல் வைக்கோல் தொப்பி தைக்கும் மெஷின், 1932-இல் வீட்டு மெஷின் என்று வளர்ந்தவர்கள். 1954-இல் அமெரிக்காவில் சொந்த விற்பனை நிறுவனமே வைத்துவிட்டார்கள்.

எல்லோரும் அடித்தளமாக எடுத்துக்கொண்டது சிங்கரின் 15-ஆம் வகுப்பு மெஷின். ஜப்பானில் அதற்கு எச்.ஏ.-1 என்று பெயர் வைத்து, பாகங்களின் அளவை ஆலைகளுக்கெல்லாம் பொதுவாக்கினார்கள். ஓர் ஆலையின் பாபின் கேஸ் இன்னோர் ஆலையின் தலையில் உட்கார்ந்துகொள்ளும். ஊரில் தையல் சாமான் கடையில் நாம் வாங்கும் ஊசிப் பொட்டலத்தை எடுத்துப் பாருங்கள், எச்.ஏ. × 1 என்று அச்சடித்திருக்கும். அந்த எழுத்துகளின் பூர்வீகம் இதுவே. அதனால்தான் கும்பகோணத்திலோ யாழ்ப்பாணத்திலோ வாங்கிய 14-ஆம் நம்பர் ஊசி இந்த ரோஜா நிற அழகியிலும் கச்சிதமாகப் பொருந்துகிறது. ஊருக்குப் போய்த் திரும்பும் ஒவ்வொரு முறையும் என் பெட்டியில் ஊசிப் பொட்டலம் இருக்கும். இங்கே கிடைக்காததால் அல்ல, எனக்கு அது ஒரு சந்தோஷம்.

வாருங்கள், இப்போது மெஷினைக் கவிழ்ப்போம். பார்த்து, 15 கிலோவைத் தாண்டும். அடிப்பலகையின் உட்புறத்தில் வார்ப்பிலேயே எழுந்து நிற்கும் ஜே.ஏ., ஜே.சி. எண்கள்தான் சேகரிப்பவர்களின் தங்கப் புதையல். முன்பக்கம் எந்த அமெரிக்கக் கடையின் பெயர் இருந்தாலும் சரி, ஜே.ஏ. எண் மெஷினைக் கோத்த ஆலையையும் ஜே.சி. எண் வார்ப்பு ஊற்றிய பட்டறையையும் காட்டிக்கொடுத்துவிடும். நேர்த்தையல் மட்டும் போடும் பழைய கறுப்பு மெஷின்கள் சிலவற்றில் ‘மேட் இன் ஆக்குபைட் ஜப்பான்’ என்ற முத்திரையும் இருக்கும். 1952-இல் நேச நாடுகளின் ஆக்கிரமிப்பு முடிந்ததோடு அந்த முத்திரையும் போயிற்று. பெயர்ப்பலகைக்குப் பின்னால் மறைந்துபோன அந்தத் தொழிலாளிகளை இந்த எண்கள் வழியாகத் தேடிப் பிடிக்கும்போது எனக்கு உடம்பெல்லாம் சிலிர்க்கும்.

சரி, அழுக்கு வேலைக்கு வருவோம். நான் காத்திருந்ததே இதற்குத்தான்!

நெடுங்காலம் மூலையில் கிடந்த மெஷின் பெரும்பாலும் இறுகிப்போய்த்தான் வரும். கைச்சக்கரம் அசையாது. விற்பவர் ‘போச்சு, மோட்டார் அவுட்’ என்பார். மோட்டார் பாவம், அதற்கு ஒன்றும் ஆகியிருக்காது. பழைய எண்ணெய் காய்ந்து, தேன் நிறத்தில் வார்னிஷாக மாறி, மூட்டுக்கு மூட்டு ஒட்டிக்கொண்டிருக்கும். இன்னொரு வகை உண்டு: நேர்த்தையல் ஜோராக ஓடும், ஊசி மட்டும் பக்கவாட்டில் ஆடாது. இதுதான் எனக்கு மிகவும் பிடித்த நோயாளி. முந்தைய சொந்தக்காரர் வருடக்கணக்கில் நேர்த்தையல் மட்டுமே போட்டிருக்கிறார். பூத்தையல் பகுதி தூங்கியே போய்விட்டது. ஊசித்தண்டைத் தாங்கும் சட்டத்தின் மேல்முனை, அகலம் கூட்டும் நெம்புகோலின் அடி, வட்டைத் தொடும் விரலின் மூட்டு, பூவைத் தேர்ந்தெடுக்கும் குமிழின் தண்டு. இந்த நாலு இடங்களில்தான் பிசின் உட்கார்ந்திருக்கும்.

மருந்து எளிது. முதலில் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பெல்ட்டைக் கழற்றுங்கள். ஊசித்தட்டை எடுத்ததும், துணியை நகர்த்தும் பல்லுக்கடியில் கம்பளி மாதிரி இறுகிய பஞ்சு வரும். அது எல்லா நிறத்திலும் இருக்கும், அந்த வீட்டில் தைத்த துணிகளின் நிறமெல்லாம் அதில்தான். ஷட்டிலைக் கழற்றித் துடையுங்கள். பிறகு ஒவ்வொரு மூட்டிலும் ஒரு சொட்டு மண்ணெண்ணெய். தலைமுடி காயவைக்கும் டிரையரால் அந்த இடத்தைச் சூடாக்குங்கள். சக்கரத்தை முன்னே கொஞ்சம், பின்னே கொஞ்சம் ஆட்டுங்கள். பலம் காட்டக்கூடாது. சுத்தியல் எடுப்பவர்களுக்கு என் நிலவறையில் அனுமதி இல்லை! இரவு ஊறவிட்டுக் காலையில் வந்தால் சக்கரம் ஒரு விரற்கடை நகரும். அப்புறம் இன்னொரு விரற்கடை. திடீரென்று ஒரு கணத்தில் முழுச் சுற்றும் வழுக்கிக்கொண்டு போகும். அந்தக் கணத்தில் நான் கத்துவது மேல்மாடிவரை கேட்கும் என்கிறார்கள் வீட்டில். மண்ணெண்ணெய் பிசினைக் கரைக்குமே தவிர வழுவழுப்பு தராது. கரைந்ததைத் துடைத்துவிட்டு நல்ல மெஷின் ஆயில் விட்டாக வேண்டும்.

ஸ்க்ரூடிரைவர் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். திருகாணியின் வெட்டில் கச்சிதமாக நிரம்பும் முனை இருந்தால்தான் தலை சிதையாது. வண்ணப்பூச்சுக்கு முதலில் மெஷின் ஆயில் தொட்ட பஞ்சு, கடைசியில் காருக்குப் போடும் மெழுகு. டென்ஷன் தட்டுகளுக்கு நடுவே சிக்கிய பழைய நூல்துணுக்கை எடுத்தாலே பாதித் தையல் கோளாறு தீர்ந்துவிடும். மின்சாரத்தில் மட்டும் விளையாட்டு கூடாது. ரப்பர் உறை உதிரும் பழைய வயரை மாற்றாமல் நான் எந்த மெஷினுக்கும் பிளக் செருகமாட்டேன். அமெரிக்காவுக்கு வந்த மோட்டார்கள் 110 வோல்ட்டுக்கானவை. ஊருக்கு எடுத்துப் போக ஆசைப்படுபவர்கள் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மரையும் சேர்த்தே யோசியுங்கள். கொஞ்சம் பிற்கால மாடல்களில் வட்டைச் சுற்றும் பல்சக்கரம் நைலானில் இருக்கும். வயதானால் சுருங்கி விரிசல் விடும். அதற்கும் வழி உண்டு: முப்பரிமாண அச்சில் புதிதாகச் செய்து விற்கிறார்கள்.

இப்போது தைத்துப் பார்ப்போமா? துணிக்கு அடியில் ஒரு தாளை வையுங்கள், இல்லாவிட்டால் நெருக்கத் தையல் துணியைச் சுருக்கிவிடும். மேல்நூலின் டென்ஷனை ஒரு பிடி தளர்த்தினால் நூல்பூ மேலே நன்றாக உப்பி நிற்கும். அடிப்பக்கம் பள்ளமுள்ள பாதம் முக்கியம். உப்பிய பூ அதன் கீழே தடையில்லாமல் வழுக்கிப் போக வேண்டும். சிநேகிதியின் மகள் ஒருநாள் பக்கத்தில் நின்று பார்த்தாள். பாதத்துக்குப் பின்னாலிருந்து ஒரு வாத்து வந்தது. அடுத்து இன்னொன்று. “ஆன்ட்டி, இதுக்குள்ள கம்ப்யூட்டர் எங்க இருக்கு?” என்றாள். “நீயே திறந்து பாருடா கண்ணா” என்று மூடியைக் காட்டினேன். அப்புறம் அவளைக் கிளப்ப அவள் அம்மா பட்ட பாடு!

இந்த ஆட்டம் அதிக காலம் நீடிக்கவில்லை. 1975-இல் சிங்கரின் அதீனா 2000 மின்னணுவோடு வந்தது, 1979-இல் ஜனோமேயின் மெமரி 7 நினைவகத்தோடு வந்தது. வட்டுகளுக்கு வேலை போயிற்று. இன்றைய மெஷின் 7, 9 மில்லிமீட்டர் அகலத்துக்கு நூற்றுக்கணக்கான பூக்களைப் போடும். இந்தப் பழைய மெஷின்களின் அகலம் பெரும்பாலும் 5-ஐத் தாண்டாது. இருக்கட்டும்! அந்த 5 மில்லிமீட்டருக்குள் கூர்மையான முனையோடு வரும் இலையைப் பார்த்தவர்கள் அகலத்தைக் கேட்கமாட்டார்கள். அதோடு, பூ எப்படி உண்டாகிறது என்பதைக் கண்ணால் காணும் பாக்கியம் திரையைத் தொட்டால் கிடைக்காது.

உள்ளேயே அடுக்கி வைத்த வட்டுகளோடு கதை முடியவில்லை. ஒவ்வொன்றாகக் கையால் மாட்டும் வட்டுகளும் உண்டு. அவற்றில் தொப்பி வடிவில் இருக்கும் கறுப்பு பிளாஸ்டிக் வட்டுக்கு இங்கே ‘டாப் ஹாட்’ என்றே பெயர். சில வட்டுகளுக்கு இரட்டை விளிம்பு: ஒன்று ஊசியை ஆட்டும், மற்றது பல்லை முன்னும் பின்னும் இழுக்கும். துணியே முன்னும் பின்னும் போய்வருவதால் ஒற்றை விளிம்புக்கு எட்டாத கோலங்களெல்லாம் அதில் கிடைக்கும்.

இதோ என் கையில் ஒரு தொப்பி வட்டு. எண் தேய்ந்துபோய்விட்டது, பெட்டியும் இல்லை. விளிம்பைப் பாருங்கள்: பற்கள் சிறியதிலிருந்து மெதுவாக, ஒரே சீராக வளர்கின்றன. உச்சிக்கு வந்ததும் சட்டென்று ஒரே வீழ்ச்சி. மறுபடி சிறியதிலிருந்து ஆரம்பம். என்ன வரும், சொல்லுங்கள்? முக்கோணம்! அம்புமுனை வரிசை! மாட்டினேன், ஓட்டினேன், வந்தேவிட்டது. அடுத்து இரட்டை ஊசி போட்டு, ஒன்றில் சிவப்பு, ஒன்றில் மஞ்சள் கோக்கப் போகிறேன். அகலத்தைப் பாதியாகக் குறைத்தாயிற்று, இல்லாவிட்டால் ஊசி தட்டில் இடித்து உடையும். முதலில் கைச்சக்கரத்தால் ஒரு முழுச் சுற்று. இடிக்கவில்லை. ஒவ்வொரு சிவப்பு முக்கோணத்துக்கும் பக்கத்தில் மஞ்சளில் ஒரு நிழல் விழும். நகருங்கள், பெடலை அழுத்துகிறேன்!