காரைச் சுவரும் கோழி முட்டையும்

ஓய்வு பெற்ற பிறகு என்ன செய்கிறீர்கள் என்று என்னை வினவுவோர் பலர். "பழைய வீட்டைச் செப்பனிடுகிறேன், கோழி வளர்க்கிறேன்" என்று விடை கூறுவேன். கேட்பவர் புன்முறுவல் செய்வார். பள்ளியில் மணியடித்துப் பழகியவனுக்குப் பொழுது போகவில்லை போலும் என்று அவர் எண்ணுவது முகத்திலேயே தெரியும். பொழுது போகாத தொல்லை எனக்கு ஒருநாளும் இருந்ததில்லை. காலையில் கோழி மடத்தைத் திறந்துவிட்டால் மாலையில் அதை மூடும் வரையில் வேலை இருந்துகொண்டே இருக்கிறது. அவ்வேலைகளில் நான் செய்த இரண்டு பிழைகளைப் பற்றியும், அவற்றால் நான் புதிதாகப் படித்துக்கொண்ட பழைய பாடம் ஒன்றைப் பற்றியும் இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

எங்கள் ஊர் தாமிரபரணியின் தென்கரையில், ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டுக்கு மேற்கே உள்ளது. வீடு என் பாட்டனார் கட்டியது. தெருவையொட்டித் திண்ணை, அதையடுத்துத் தார்சா, பிறகு பட்டாசாலை, அடுக்களை, புறவாசல் என்று நீளும் வீடு. சுவர் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும். மேலே தேக்கு உத்திரங்களின்மீது செங்கல்லைச் சாய்வரிசையில் நட்டு, காரை கொட்டிக் கட்டையால் அடித்த தட்டட்டி. புறவாசலில் கோழி இல்லாத காலம் எனக்கு நினைவில் இல்லை. என் ஆச்சி பஞ்சாரத்தைக் கவிழ்ப்பதும் நிமிர்த்துவதுமாகவே இருப்பார்.

இந்தக் கரையில் கோழியின் வரலாறு என் ஆச்சியோடு தொடங்கியதன்று. எங்கள் ஊரிலிருந்து நடந்து போகும் தொலைவில் ஆதிச்சநல்லூர்ப் பறம்பு இருக்கிறது. அங்கே 1899 முதல் 1905 வரை அகழாய்வு செய்த அலெக்சாண்டர் ரீ கண்டெடுத்த வெண்கலப் பொருள்களில் எருமை, ஆடு ஆகியவற்றோடு சேவலின் உருவமும் உண்டு. வளர்ப்புக் கோழியின் மூதாதை தென்கிழக்கு ஆசியாவின் செந்நிறக் காட்டுக்கோழியே என்பது அறிஞர் துணிபு. ஆயினும், பல கோழிகளின் தோலிலும் காலிலும் காணப்படும் மஞ்சள் நிறத்துக்குரிய மரபுக்கூறு, நம் மேற்குத் தொடர்ச்சி மலைகளில் வாழும் சாம்பல் நிறக் காட்டுக்கோழியிடமிருந்து வந்தது என்று 2008ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு ஒன்று தெளிவுபடுத்தியது. களக்காடு முண்டந்துறைக் காட்டில் கூவுகின்ற பறவைக்கும் என் புறவாசலில் குப்பையைக் கிளறுகின்ற பெட்டைக்கும் இப்படி ஓர் உறவு இருக்கிறது.

நிற்க. 2023ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18ஆம் நாள்களை நம் மாவட்டத்தார் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்துக்குள் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை பெய்தது. அவ்வட்டாரத்தில் ஓராண்டு முழுவதும் பெய்யும் மழையைக் காட்டிலும் அது மிகுதி. ஆறு கரைகடந்தது. எங்கள் பட்டாசாலையில் இடுப்பளவு நீர் நின்றது. நாங்கள் தட்டட்டியில் ஏறி இரவைக் கழித்தோம். என்னிடம் அப்போது பதினான்கு கோழிகள் இருந்தன. இருட்டில் கைக்கு அகப்பட்ட மூன்று பெட்டைகளையும் ஒரு சேவலையும் மேலே கொண்டு சென்றேன். எஞ்சியவை மடத்துக்குள்ளேயே மாண்டன. மடத்தின் கதவை நானே மாலையில் தாழிட்டிருந்தேன் என்பதை இன்றும் என்னால் எளிதாக நினைத்துப் பார்க்க முடியவில்லை.

வெள்ளம் வடிந்த பின், சுவரின் கீழ்ப்பகுதியில் காரை ஊறிப் பெயர்ந்து நின்றது. வீட்டை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டலாம் என்றார்கள் பிள்ளைகள். நான் இசையவில்லை. அவர்கள் சொல்லில் நியாயம் இல்லாமல் இல்லை; ஆயினும் உத்திரம் ஒன்றுகூட அசையாதபோது வீட்டை இடிக்க எனக்கு மனம் வரவில்லை. விரைவில் குடிபுக வேண்டும் என்னும் அவசரத்தில், ஜனவரி மாதத்திலேயே ஆள் வைத்து, தரையிலிருந்து நான்கடி உயரத்துக்குச் சிமெண்டுக் கலவை பூசச் செய்தேன். அதுவே என் முதற்பிழை. பூச்சு வழவழப்பாக அமைந்தது. பார்த்தவர் எல்லாரும் நன்று என்றனர். அவ்வாண்டின் ஐப்பசி மழை வந்ததும் பூச்சு கொப்புளம் கொப்புளமாக உப்பியது. அதற்கு மேலேயிருந்த பழைய காரையில், அதுவரை நனையாத உயரத்தில், வெள்ளை உப்பு பூக்கத் தொடங்கிற்று. நிலைக்கதவின் அடியில் கறையான் மண் ஏறியது.

பக்கத்து ஊரில் காரை வேலை தெரிந்த முதிய கொத்தனார் ஒருவர் இருந்தார். அவரை அழைத்து வந்து காட்டினேன். விரல் மடக்கிச் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "சுவருக்கு மூச்சு முட்டுது சார்வாள்" என்றார். அறிவியல் படித்தவன் ஆகையால், உயிரற்ற சுவருக்கு மூச்சேது என்று நான் உள்ளுக்குள் சிரித்தேன். பிறகு அன்றிரவு எண்ணிப் பார்த்தபோது, அவர் கூறியது உவமை மட்டுமன்று என்று தெரிந்தது.

சுண்ணாம்புக் கல்லையோ கடற்கிளிஞ்சலையோ காளவாசலில் ஏறக்குறைய 900 பாகை வெப்பத்தில் சுட்டால், அதிலுள்ள கரியமில வாயு நீங்கிவிடுகிறது. மிஞ்சுவது சுட்ட சுண்ணாம்பு. அதில் நீர் ஊற்றினால் கொதித்து, வெடித்து, நீற்றுச் சுண்ணாம்பாகிறது. (இதை விளையாட்டாகச் செய்து பார்க்க வேண்டா, கண்ணில் ஒரு துளி தெறித்தாலும் பார்வைக்கே கேடு.) அச்சுண்ணாம்பை மணலோடு குழைத்துச் சுவரில் பூசினால், அது காற்றிலுள்ள கரியமில வாயுவைச் சிறிது சிறிதாகத் திரும்ப ஏற்று, மீண்டும் சுண்ணாம்புக் கல்லாகவே ஆகிவிடுகிறது. காளவாசலில் இழந்ததைச் சுவரில் ஏறியபின் பெற்றுக்கொள்கிறது என்று கூறலாம். இது மாதக்கணக்கில் நடைபெறும் செயல். அவ்வாறு இறுகிய காரையில் நுண்ணிய துளைகள் நிறைந்திருக்கும். தரையிலிருந்து சுவரில் ஏறும் ஈரம் அத்துளைகளின் வழியே ஆவியாகி வெளியேறுகிறது.

சிமெண்டும் சுண்ணாம்புக் கல்லிலிருந்து பிறப்பதே. களிமண்ணோடு சேர்த்து 1,450 பாகை அளவில் சுடப்படுவதால் அது நீரோடு கூடியே விரைவில் இறுகுகிறது, வலிமையும் மிக்கது. நம் நெல்லைக்கு அருகே தாழையூத்தில் 1949ஆம் ஆண்டில் சிமெண்டு ஆலை இயங்கத் தொடங்கியதை நீங்கள் அறிவீர்கள். பாலத்துக்கும் அணைக்கும் சிமெண்டை விட்டால் வேறு கதியில்லை. அதைப் பழிப்பது என் கருத்தன்று. ஆனால் ஈரம் ஏறும் பழைய செங்கற்சுவரின் மேல் அதைப் பூசினால், உள்ளிருக்கும் நீர் வெளியேற வழி காணாது மேல்நோக்கி ஏறுகிறது. கரைந்துள்ள உப்பையும் உடன் கொண்டுபோய், காரையில் உலரும் இடத்தில் விட்டுவிடுகிறது. உப்பு படிகமாகும்போது பருத்துக் காரையைப் பொடியாக்குகிறது. என் வீட்டில் நிகழ்ந்தது இதுவே.

இனி இரண்டாம் பிழை. வெள்ளத்தில் கோழி குறைந்துவிட்டதே என்று 2024ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் சந்தையிலிருந்து பன்னிரண்டு கோழிகளை வாங்கி வந்து, அன்று மாலையே பழைய கோழிகளோடு ஒரே மடத்தில் அடைத்தேன். ஐந்தாம் நாள் ஒரு கோழி இறகை விரித்துத் தலை தொங்க நின்றது. மறுநாள் பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்தது. மற்றொன்று கழுத்தை முறுக்கிக்கொண்டு சுழன்றது. ஊரார் இதை வெள்ளைக்கழிச்சல் என்பர். ஒரு வாரத்துக்குள் பதினாறில் பதினொன்று மடிந்தன. இமயமலைப் பகுதியிலுள்ள இராணிக்கெட் என்னும் ஊரில் 1927ஆம் ஆண்டில் கண்டறியப்பட்டதால் நம் நாட்டில் இதற்கு இராணிக்கெட் நோய் என்று பெயர். நச்சுயிரியால் வருவதாகையால் வந்தபின் மருந்தில்லை. மஞ்சளும் வேப்பிலையும் அரைத்து ஊட்டினேன். என் மனத்துக்கு ஆறுதலாக இருந்தது, கோழிக்குப் பயன்பட்டதாகத் தெரியவில்லை. தடுப்பு மருந்து மட்டும் உண்டு. குஞ்சு பொரித்த ஏழாம் நாளையொட்டிக் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு. எட்டு வாரம் ஆனதும் ஊசி. செலவு மிகச் சிறிது. புதிதாக வாங்கிய கோழியை இரண்டு மூன்று வாரமாவது தனியே வைத்திருக்க வேண்டும் என்பதையும் கால்நடை மருத்துவர் எனக்கு எடுத்துரைத்தார். தொற்றுநோய் கண்ட மாணவனை வகுப்பில் சேர்க்காதே என்று பல்லாண்டு பிறருக்குச் சொன்னவன், தன் கோழி மடத்தில் அதை மறந்தேன்.

பிழைத்த ஐந்தில் ஒன்று, வெள்ளத்தன்று தட்டட்டியில் என் மடியில் கிடந்த கருநிறப் பெட்டை. அதன் முட்டைகளிலிருந்தே மறுபடியும் கோழிகள் பெருகின.

2025ஆம் ஆண்டு மாசியில் சிமெண்டுப் பூச்சையும், உப்பேறிய பழைய காரையையும் கொத்தனார் பெயர்த்துப் புறவாசலில் இரு குவியலாகக் கொட்டினார். பின்பு, "கோடை முழுவதும் சுவர் காயட்டும், தொடாதீங்க" என்று கூறிப் போய்விட்டார். அக்கோடையில் என் பெட்டைகள் இட்ட முட்டைகள் ஓடு மெலிந்து, கையில் எடுத்தாலே நொறுங்கின. சித்திரை வெயிலில் கோழி வாயைத் திறந்து இளைப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதற்கு வியர்வைச் சுரப்பிகள் இல்லை. இளைத்தே உடலைத் தணித்துக்கொள்கிறது. அப்போது இரத்தத்திலுள்ள கரியமில வாயு மிகுதியாக வெளியேறிவிடுகிறது. முட்டை ஓட்டில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு எது தெரியுமா? காரைச் சுவரில் இறுகி நிற்கும் அதே பொருள், சுண்ணாம்புக் கல். ஓடு உருவாகச் சுண்ணாம்புச் சத்தும் வேண்டும். கரியமில வாயுவும் வேண்டும். வாயு குறைந்தால் ஓடு மெலியும். சுவர் காற்றிலிருந்து பெறுவதைக் கோழி தன் இரத்தத்திலிருந்து எடுத்து, ஏறத்தாழ இருபது மணி நேரத்தில் ஓர் ஓட்டைக் கட்டி முடிக்கிறது. எங்கள் சுவருக்கு இரண்டு மாதங்களில் இயலாத வேலை அது!

மடத்தை வேப்பமர நிழலுக்கு மாற்றினேன். மண்சட்டிகளில் குளிர்ந்த நீர் வைத்தேன். மற்றொன்றைக் கோழிகளே செய்துகொண்டன. பழைய காரைக் குவியலை நாள்தோறும் கொத்தித் தின்றன. சிமெண்டுக் குவியலின் பக்கம் போகவே இல்லை. வைகாசி பிறப்பதற்குள் ஓடு மீண்டும் திண்மை பெற்றது. நிழலா, நீரா, காரையா, எது எவ்வளவு உதவிற்று என்று பிரித்துக் கூற என்னால் இயலாது. மூன்றையும் ஒன்றாகச் செய்தவன் அவ்வாறு கூறுவது முறையுமாகாது. இங்கே ஓர் எச்சரிக்கை. பல்லாண்டு நின்று கல்லாகிவிட்ட காரையே கோழிக்கு ஏற்றது. புதுச் சுண்ணாம்பு வாயைப் புண்ணாக்கும். வண்ணப்பூச்சு ஒட்டிய துண்டுகளில் ஈயம் இருக்கக்கூடும்.

கறையானுக்கும் கோழிகளிடம் வேலை இருந்தது. பழைய சாக்கு, உலர்ந்த சாணம், வைக்கோல் இவற்றைப் பானையில் திணித்து, நீர் தெளித்து, மாலையில் கவிழ்த்து வைத்தால் விடிவதற்குள் கறையான் மொய்த்துவிடும். குஞ்சுகளுக்கு அதனினும் சிறந்த இரையில்லை. இதனால் வீட்டுக் கறையான் ஒழிந்துவிடும் என்று எண்ணிவிடாதீர்கள்; தாய்க் கறையான் மண்ணுக்கடியில் நலமாக இருக்கும். சுவர் காய்ந்த பிறகே எங்கள் நிலைக்கதவில் மண் ஏறுவது நின்றது.

ஆனி மாதத்தில் காரை வேலை தொடங்கியது. கடுக்காயை இடித்துக் கருப்பட்டியோடு நீரில் ஊறப்போட்டு, நாள் கழித்து வடித்த நீரால் கொத்தனார் கலவையைக் குழைத்தார். வெல்லத்திலுள்ள சர்க்கரை சுண்ணாம்பை நீரில் மிகுதியாகக் கரையச் செய்கிறது, இறுகுவதையும் தாமதப்படுத்துகிறது. ஆதலால் பூச்சு வெடிக்காமல் நிதானமாக அமைகிறது. மூன்று பூச்சு. ஒவ்வொன்றுக்கும் இடையே நான் பொறுமையிழந்து கேட்பதும், அவர் "இன்னும் ஆகலை சார்வாள்" என்பதும் வழக்கமாயிற்று. தலைமையாசிரியனாக இருந்தவன் இவ்வளவு எளிதாக ஒருவருக்குக் கீழ்ப்படிந்தது அதுவே முதன்முறை என்று என் மனைவி சொல்கிறாள்.

கடைசிப் பூச்சு முடிந்த வாரத்தில் கருநிறப் பெட்டை தார்சா மூலையில் அடைக்கு அமர்ந்தது. மணல் பரப்பிய கூடையில் பதினொரு முட்டை வைத்தேன். முட்டை ஓட்டிலும் பல்லாயிரம் நுண்துளைகள் உண்டு. உள்ளே வளரும் குஞ்சு அவற்றின் வழியே பிராணவாயுவைப் பெறுகிறது. அடைகாக்கும் காலத்தில் முட்டையின் எடையில் எட்டில் ஒரு பங்கு நீராவியாக வெளியேறுகிறது. ஓட்டின்மேல் மெழுகு பூசி அடைத்துவிட்டால் குஞ்சு மூச்சுமுட்டி இறக்கும். கூடைக்கு ஒரு முழம் அப்பால், அதே காலத்தில், சுவர் தன் ஈரத்தை வெளியேற்றிக் காற்றை ஏற்றுக்கொண்டிருந்தது. புதுப்பூச்சு விரைந்து உலர்ந்தால் வெடிக்கும் என்பதால் காலையும் மாலையும் அதன்மேல் நீர் தெளித்தேன். கோழி என்னைச் சீறிக்கொண்டேயிருந்தது. இருபத்தோராம் நாள் ஒன்பது குஞ்சுகள் வெளிவந்தன. ஏழாம் நாள் எல்லாவற்றுக்கும் கண்ணில் சொட்டு மருந்து விட்டேன். பத்தாம் நாள் பருந்து ஒன்றைக் கொண்டுபோயிற்று. மற்ற எட்டும் வளர்ந்துவிட்டன.

பட்டாசாலையின் வடக்குச் சுவரில் மட்டும் சிமெண்டுப் பூச்சு இன்னும் இருக்கிறது. அடுத்த மாசியில் வந்து கொத்திவிடுவதாகக் கொத்தனார் சொல்லியிருக்கிறார். கருப்பட்டியை இப்போதே வாங்கி வைத்துவிட்டேன்.