உறைமோர் ஒரு கரண்டி: தடுப்பூசித் தயக்கம் எப்படி இயங்குகிறது?

பாலைக் காய்ச்சி, விரல் பொறுக்கும் இளஞ்சூட்டுக்கு ஆறவைத்து, ஒரு கரண்டி மோர் ஊற்றி மூடி வைக்கிறோம். விடிந்தால் தயிர். இரவில் எந்த நிமிடத்தில் அது உறைந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. மூடிக்குள்ளே மோரிலிருந்த பாக்டீரியாக்கள் பாலின் சர்க்கரையைத் தின்று பெருகுகின்றன. அமிலம் ஊறுகிறது. புளிப்பு ஓர் அளவைத் தாண்டியதும் பாலிலுள்ள கேசின் புரதம் பின்னிக்கொண்டு கெட்டியாகிறது. பால், சூடு, உறை, ஆடாமல் கிடக்கும் நேரம் ஆகிய நான்கும் கூடினால்தான் தயிர்.

2021-ல் தமிழ்நாட்டில் விவரம் தெரிந்த பெரியவர்கள் பலர் கொரோனா தடுப்பூசிக்கு ஏன் தயங்கினார்கள் என்பதை இந்தப் பாத்திரத்தை வைத்துப் புரிந்துகொள்ளலாம். "படிப்பறிவில்லாதவர்கள், வாட்ஸ்அப்பை நம்புகிறவர்கள்" என்று ஒரே வரியில் தள்ளிவிட்டால் எதுவும் புரியாது. அடுத்த தொற்று வரும்போதும் அதே இடத்தில்தான் நிற்போம்.

முதலில் பாலைப் பார்ப்போம். நம் நாட்டுத் தடுப்பூசித் திட்டம் 1978-ல் தொடங்கி 1985-ல் விரிவடைந்தது. அது குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்குமான திட்டம். ஐம்பது வயதுக்காரருக்குப் பெரியவரான பிறகு பழகிய தடுப்பூசி பெரும்பாலும் இரண்டே இரண்டு: ஆணி குத்தினால் டிடி, நாய் கடித்தால் ரேபிஸ் ஊசி. இரண்டும் ஏதோ நடந்த பிறகு போடுவது. நன்றாக இருக்கிற ஆள் தானாக எழுந்து போய் வரிசையில் நின்று ஊசி போட்டுக்கொள்வது அவர் வாழ்க்கையில் இல்லாத பழக்கம். "எனக்கு என்ன ஆச்சு, நான் நல்லாத்தானே இருக்கேன்" என்ற பதிலை அந்த இடத்திலிருந்து கேட்க வேண்டும்.

அந்தப் பாலில் பழைய புளிப்பும் கொஞ்சம் இருந்தது. 2017 பிப்ரவரியில் தட்டம்மை-ரூபெல்லா ஊசி முகாம் நடந்தபோதே வதந்திகள் கைப்பேசி வழியாகப் பரவி, பல பெற்றோர்கள் பள்ளியில் ஊசி போட மறுத்தார்கள். அது ஓய்ந்தாலும் சுவடு இல்லாமல் போய்விடவில்லை.

பாலைச் சூடாக்கியதில் அரசுக்கும் பங்குண்டு. கோவாக்சினுக்கு 2021 ஜனவரி 3 அன்று அனுமதி கிடைத்தபோது அதன் மூன்றாம் கட்டப் பரிசோதனையின் முடிவு வந்திருக்கவில்லை. போட்டுக்கொள்பவர்களிடம் தனி ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்கினார்கள். ஜனவரி 16-ல் சுகாதாரப் பணியாளர்களுக்கு ஊசி தொடங்கியபோது மருத்துவர்களே தயங்கினார்கள். முடிவு வரட்டும் என்று அவர்கள் சொன்னதில் தவறில்லை. மார்ச்சில் இடைக்கால முடிவும், பின்னர் 77.8 சதவீதம் பலன் என்ற இறுதி முடிவும் வந்தன. ஆனால் "டாக்டரே போடலையாம்" என்ற பேச்சு அதற்குள் தெருவுக்கு வந்துவிட்டது. கோவிஷீல்டின் இரண்டு தவணைகளுக்கு நடுவேயான இடைவெளி 4 வாரத்தில் தொடங்கி, மே மாதத்தில் 12 முதல் 16 வாரம் என்று ஆனது. இடைவெளி கூடினால் எதிர்ப்பாற்றல் கூடுகிறது என்பதற்கு ஆதாரம் இருந்தது. ஆனால் தட்டுப்பாட்டு நேரத்தில் சரியான விளக்கமில்லாமல் வந்த மாற்றத்தை, சரக்கு இல்லாததால் சொல்லும் சாக்கு என்றுதான் மக்கள் எடுத்துக்கொண்டார்கள்.

இனி உறை. 2021 ஏப்ரல் 15 அன்று நடிகர் விவேக், சென்னை ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில் கோவாக்சின் போட்டுக்கொண்டார். மற்றவர்களும் துணிந்து வர வேண்டும் என்பதற்காகவே கேமராக்கள் முன்னால் அதைச் செய்தார். மறுநாள் மாரடைப்பு. 17-ம் தேதி அதிகாலையில் இறந்தார். இதயத்தின் முக்கிய ரத்தக்குழாயில் முழு அடைப்பு இருந்தது, தடுப்பூசிக்கும் இதற்கும் தொடர்பில்லை என்று மருத்துவர்கள் அப்போதே சொன்னார்கள். மத்திய அரசின் நிபுணர் குழுவும் ஆராய்ந்து அதையே உறுதி செய்தது. ஆனால் அந்த அறிக்கை வெளியே வந்தது அக்டோபரில்.

ஏப்ரலிலிருந்து அக்டோபர் வரை ஆறு மாதம். பாத்திரம் ஆடாமல் கிடக்க அது போதும்.

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது என்ற சொலவடை நம்மிடமே இருக்கிறது. ஆனாலும் இந்த இடத்தில் நம் மனம் அதை மறந்துவிடுகிறது. ஏழு கோடிக்கு மேல் மக்கள் வாழும் மாநிலத்தில் மாரடைப்பால் ஒருவரும் சாகாத நாள் கிடையாது. 45 வயதைத் தாண்டிய லட்சக்கணக்கானவர்களுக்கு ஒரே மாதத்தில் ஊசி போட்டால், ஊசியே வராவிட்டாலும் அந்த மாதம் இறந்திருக்கக்கூடிய சிலர் அவர்களுக்குள் இருப்பார்கள். அவர்களின் சாவு நம் கண்ணில் படுகிறது. ஊசி போட்டதால் பிழைத்தவர் தான் பிழைத்ததே தெரியாமல் கடைக்குப் போய் வருகிறார். அவரை யாரும் படம் எடுப்பதில்லை.

இதைவிட ஆழமாக வேலை செய்யும் ஒன்று உண்டு. இலானா ரிட்டோவ், ஜோனதன் பேரன் என்ற இரு ஆய்வாளர்கள் 1990-ல் தடுப்பூசியை வைத்தே இதைக் காட்டினார்கள். செய்யாமல் விட்டதால் வரும் கேட்டைவிட, செய்ததால் வரும் கேடு மனிதர்களுக்கு அதிகமாக உறுத்துகிறது. அப்பாவை முகாமுக்கு அழைத்துப் போன மகளை நினைத்துப் பாருங்கள். அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் "நான்தானே கூட்டிட்டுப் போனேன்" என்று காலமெல்லாம் அழுவாள். அழைத்துப் போகாமல் அவர் கொரோனாவில் போய்விட்டால் விதி என்று மனதைத் தேற்றிக்கொள்ள வழி இருக்கிறது. அவளுடைய தயக்கம் முழுக்க முழுக்க பாசத்திலிருந்து வருவது. அதைத் திட்டித் திருத்த முடியாது.

ஒரு கரண்டி மோர் ஒரு பானைப் பாலுக்குப் போதும் என்பதற்குக் காரணம், உள்ளே அது பெருகிக்கொண்டே போவதுதான். சந்தேகமும் அப்படித்தான் பெருகியது. திரும்பத் திரும்பக் கேட்ட வாக்கியம் உண்மை போலவே தோன்றும் என்பதை 1977-லிருந்தே உளவியல் ஆய்வுகள் காட்டி வருகின்றன. மச்சான், பக்கத்து வீட்டு அக்கா, ஆபீஸ் குரூப் என்று மூன்று பேர் அனுப்பிய செய்தி, மூன்று சாட்சிகள் சொன்னதாக மனதில் பதிகிறது. உண்மையில் மூன்றும் ஒரே செய்தி.

விளைவு சீக்கிரமே குப்பியில் தெரிந்தது. கோவிஷீல்டு குப்பி ஒன்றில் பத்துப் பேருக்கான மருந்து இருக்கும். திறந்தால் சில மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும். நான்கு பேர் வந்தால் ஆறு பேருக்கானது வீண். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் வெளியான விவரப்படி, 2021 ஏப்ரல் 11 வரை தமிழ்நாட்டில் வீணானது 12.1 சதவீதம். நாட்டிலேயே அதிகம். பிறகு இரண்டாம் அலை ஏறி, மே 21 அன்று மாநிலத்தில் ஒரே நாளில் 36,184 பேருக்குத் தொற்று உறுதியானது. நோயின் பயம் ஊசியின் பயத்தை முந்தியது, முகாம் வாசலில் கூட்டம் நின்றது. அப்போது மருந்து இல்லை.

இந்த இடத்தோடு பால் உதாரணம் தீர்ந்துபோகிறது. தயிரைக் கடைந்தாலும் பால் கிடைக்காது, மனிதர் மனம் திரும்பும். தயங்கியவர்களில் பெரும்பாலோர் மறுத்தவர்கள் அல்லர், தள்ளிப்போட்டவர்கள். "பார்க்கலாம்" என்றவர்கள். உலக சுகாதார நிறுவனமும், ஊசி கிடைத்தும் ஏற்கத் தாமதிப்பதைத் தயக்கத்தில்தான் சேர்க்கிறது.

ஆனால் ஒரு பாடம் அடுப்படியிலிருந்து இன்னும் மிச்சமிருக்கிறது. நம்பிக்கையும் உறைதான், அதற்கும் அதே இளஞ்சூடு வேண்டும். கொதிக்கிற பாலில் மோரை விட்டால் பாக்டீரியா செத்துவிடும். ஊசி போடாவிட்டால் ரேஷன் கிடையாது, சம்பளம் கிடையாது என்று மிரட்டுவது கொதிபால். சுவரொட்டி ஒட்டிவிட்டுப் போவது பச்சைப்பால். வீட்டுப் பிரசவங்களையெல்லாம் தெரிந்த கிராம சுகாதார செவிலியர் வாசலில் உட்கார்ந்து, "எனக்கும் ஒரு நாள் காய்ச்சல் இருந்துச்சு, மறுநாள் சரியாப் போச்சு" என்று சொல்வதுதான் பதம்.

அந்தக் காய்ச்சலே கூலித் தொழிலாளிக்குப் பெரிய கேள்வி. இரண்டு நாள் படுத்தால் இரண்டு நாள் கூலி போச்சு. அவரிடம் நோய் எதிர்ப்பாற்றல் பற்றி வகுப்பெடுப்பதைவிட, முகாமை அவர் தெருவுக்குக் கொண்டுபோவது மேல். 2021 செப்டம்பர் 12 அன்று 40,000 இடங்களில் மெகா முகாம் போட்டபோது ஒரே நாளில் 28 லட்சத்துக்கும் மேற்பட்டோர் போட்டுக்கொண்டார்கள். ஊசி போட்டால் கறி சாப்பிடக் கூடாது, மது குடிக்கக் கூடாது என்று நம்பி ஞாயிற்றுக்கிழமையைப் பலர் தவிர்ப்பது தெரியவந்ததும், அக்டோபரில் முகாமைச் சனிக்கிழமைக்கு மாற்றினார்கள். மக்களின் நம்பிக்கையோடு மல்லுக்கு நிற்காமல் நாளை மாற்றியது நல்ல முடிவு என்பேன்.

எண்களைக் கேட்கிறவருக்கு நம் ஊர்க் காவலர்களின் கணக்கு இருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம் தமிழ்நாட்டுக் காவல்துறையினர் 1,17,524 பேரின் விவரங்களை ஆராய்ந்தது. இரண்டாம் அலையில், 2021 ஏப்ரல் 13 முதல் மே 14 வரை, கொரோனாவில் இறந்தவர்கள் 31 பேர். ஊசியே போடாத 17,059 பேரில் 20 பேர் இறந்தார்கள். இரண்டு தவணையும் போட்ட 67,673 பேரில் 4 பேர். ஒரே வேலை, ஒரே தெரு, ஒரே மாதம்.

உங்கள் வீட்டில் இன்று இன்ஃப்ளுயன்சா ஊசிக்கோ நிமோனியா ஊசிக்கோ தயங்கும் பெரியவர் இருந்தால், வீடியோ எதையும் அனுப்பாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, எது பயமாக இருக்கிறது என்று கேளுங்கள், முழுதாகக் கேளுங்கள். பதில் தெரியாவிட்டால் தெரிந்தமாதிரி பேச வேண்டாம். அவர் நம்பும் மருத்துவரிடமோ செவிலியரிடமோ நீங்களே அழைத்துப் போங்கள். ஊசி போட்ட அன்றிரவு கூடவே இருங்கள்.