தொட்டி எண்ணெயும் வழித் தொலைவும்

பள்ளியிலே கணக்காசிரியர் ஒரு வினா எழுப்புகிறார்: "ஒரு வண்டியின் தொட்டி 90 லிட்டர் டீசல் கொள்ளும். 100 கிலோமீட்டர் ஓடுவதற்கு அதற்கு 13 லிட்டர் வேண்டும். தொட்டியை நிரப்பிக்கொண்டு புறப்பட்டால் அவ்வண்டி எவ்வளவு தொலைவு செல்லும்?" மாணவன் வகுத்துப் பார்த்து, "ஏறத்தாழ 692 கிலோமீட்டர்" என்கிறான். விடை சரியானதே, முழு மதிப்பெண்ணும் அவனுக்கு உண்டு. ஆயினும் அந்த விடையை நம்பி ஆஸ்திரேலியாவின் நல்லர்பார் சமவெளியிலே வண்டி ஓட்டிச் செல்பவன், ஆளரவமற்ற இடத்தில் வண்டி நின்றுபோய்த் தவிக்க நேரலாம். வகுத்தலில் பிழை இல்லை. வகுப்பதற்கு எடுத்துக்கொண்ட எண்களிலேதான் பிழை இருக்கிறது.

படுக்கை, சமையலடுப்பு, தண்ணீர்த் தொட்டி ஆகியவற்றைத் தன்னகத்தே கொண்ட வீட்டு வண்டியிலே குடும்பத்துடன் நெடுந்தூரம் செல்லும் வழக்கம் ஆஸ்திரேலியாவில் மிகுதி. இத்தகைய வண்டிகளுள் பெரும்பாலானவை டீசலால் ஓடுபவை. வீடும் வண்டியும் ஒன்றாக இருப்பதால் தங்குமிடம் பற்றிய கவலை இல்லை. எண்ணெய் பற்றிய கவலையோ இருந்தே தீரும். அக்கவலையை அச்சமாக வளரவிடாமல் ஒரு முறையான கணக்காக ஆக்கிக்கொள்வது எவ்வாறு என்பதே இங்கு விளக்கப்படுவது.

மரமற்ற வழி

நல்லர்பார் என்னும் பெயர், 'மரம் இல்லை' எனப் பொருள்படும் இலத்தீன் சொற்களால் ஆனது. ஆஸ்திரேலியாவின் தென்கரையை ஒட்டிக் கிடக்கும் மிகப் பெரிய சுண்ணாம்புக்கல் சமவெளி அது. அதன் தென்பகுதி வழியே செல்வது எயர் நெடுஞ்சாலை. மேற்கு ஆஸ்திரேலியாவிலுள்ள நார்ஸ்மன் என்னும் ஊருக்கும், தெற்கு ஆஸ்திரேலியாவிலுள்ள செடூனா என்னும் ஊருக்கும் இடையே ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் மண்சாலையாக அமைந்த இவ்வழி, 1976-ஆம் ஆண்டில்தான் முழுமையும் தார்ச்சாலை ஆயிற்று. பல்லடோனியாவுக்கும் கைகுனாவுக்கும் இடையே 146 கிலோமீட்டருக்கு மேல் ஒரு வளைவும் இன்றிச் சாலை நேராகவே ஓடுகிறது.

இவ்வழியில் ஊர்கள் என்று சொல்லப்படுபவற்றுள் பல, ஒரு எண்ணெய் பம்பும், ஓர் உணவுக்கடையும், சில அறைகளும் கொண்ட வழித்தங்கல் நிலையங்களே. நார்ஸ்மனிலிருந்து கிழக்கே புறப்பட்டால் பல்லடோனியா ஏறத்தாழ 191 கிலோமீட்டர், அங்கிருந்து கைகுனா 182, பின்னர் காக்கில்பிடி 65, மதுரா 92, மண்ட்ராபில்லா 116, யூக்ளா 66, மாநில எல்லையிலுள்ள பார்டர் வில்லேஜ் 13. எல்லையைக் கடந்தபின் நல்லர்பார் நிலையம் 186, நண்ட்ரூ 145, பெனோங் 79, செடூனா 73. இவற்றுள் மிக நீண்ட இடைவெளியும் 200 கிலோமீட்டருக்கு உட்பட்டதே.

அவ்வாறாயின் 692 கிலோமீட்டர் ஓடும் வண்டிக்கு என்ன கவலை என்று கேட்கத் தோன்றும். இவ்வினாவுக்கு விடை காண, முதலில் அந்த 692 என்னும் எண்ணையே சோதித்துப் பார்க்க வேண்டும்.

செலவை அளக்கும் முறை

வண்டி செய்தவர்கள் தரும் செலவுக் கணக்கு, பெரும்பாலும் வீட்டுப் பகுதி கட்டப்படாத வண்டியை வைத்து எடுத்தது. வண்டியின் முன்பலகையில் தோன்றும் 'இன்னும் இத்தனை கிலோமீட்டர்' என்னும் எண்ணோ, சற்று முன்னர் வண்டி ஓடிய விதத்தைக் கொண்டு சொல்லும் ஊகமே ஆகும். காற்றில்லாத காலையில் அது காட்டிய எண், பிற்பகலில் எதிர்காற்று எழுந்ததும் விரைந்து சரிந்துவிடும்.

நம்பத்தக்க முறை ஒன்றே உண்டு. சமதரையில் வண்டியை நிறுத்தி, பம்பு தானாக நிற்கும் வரையில் எண்ணெய் நிரப்பித் தொலைவுமானியின் எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். அடுத்த முறையும் அவ்வாறே நிரப்பி, ஊற்றிய எண்ணெயையும் ஓடிய தொலைவையும் குறிக்க வேண்டும். 318 கிலோமீட்டர் ஓடியபின் 41 லிட்டர் பிடித்தது என்றால், 100 கிலோமீட்டருக்கு 12.9 லிட்டர் செலவு. ஒருமுறை செய்த கணக்கு போதாது. ஒவ்வொரு முறை நிரப்பும்போதும் குறிப்பேட்டில் எழுதி, அன்றைய காற்று, வேகம், சுமை ஆகியவற்றையும் பக்கத்திலே குறித்து வைப்பது நன்று.

சில வாரங்களில் அக்குறிப்பேட்டில் பல எண்கள் சேரும். அவற்றின் சராசரியை எடுப்பது மனித இயல்பு. சராசரி பணச்செலவைக் கணக்கிட உதவும். வழிப் பாதுகாப்பைக் கணக்கிட உதவாது. சராசரி 13 என்றால், பல நாட்களில் செலவு அதனினும் மிகுதி என்பதே பொருள். ஆகவே, குறிப்பேட்டிலுள்ள எண்களில் மிகவும் மோசமானது எதுவோ, அதையே வழித்திட்டத்திற்கு எடுத்துக்கொள்ள வேண்டும்.

எதிர்காற்றின் வலிமை

மோசமான எண் எங்கிருந்து வருகிறது? சமவெளிச் சாலையில் ஏற்றம் குறைவு. ஆதலின் சுமையைவிடக் காற்றே பெரிய காரணம். வீட்டு வண்டி அகன்று உயர்ந்த பெட்டி போன்றது. அதைத் தடுக்கும் காற்றின் விசை, வண்டிக்கும் காற்றுக்கும் இடையேயுள்ள வேகத்தின் இருமடிக்கேற்பப் பெருகும். மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டியை 30 கிலோமீட்டர் வேகக் காற்று எதிர்த்தால், அவ்வேகம் 120 ஆகிறது. 120-ஐ 90-ஆல் வகுத்து இருமடியாக்கினால் ஏறத்தாழ 1.78. அதாவது, காற்றுத் தடை முக்கால் பங்கிற்கும் மேல் கூடிவிடுகிறது. காற்றைத் தடுக்க மரமே இல்லாத வெளியில் இது நாள் முழுதும் நீடிக்கலாம்.

இதிலிருந்தே ஒரு பரிகாரமும் பிறக்கிறது. அதே காற்றில் வேகத்தை 90-இலிருந்து 75-ஆகக் குறைத்தால், காற்றுத் தடை ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறையும். எண்ணெய் குறைந்துவிட்டதே என்று அஞ்சி, விரைவாகச் சென்று பம்பை அடைய முயல்பவன் தன் எண்ணெயைத் தானே விரைவில் தீர்த்துக்கொள்கிறான். மெல்லச் செல்பவனே சென்று சேர்வான்.

தொட்டியின் அடிப்பகுதி

அடுத்த பிழை 90 லிட்டர் என்னும் எண்ணில் இருக்கிறது. தொட்டி கொள்ளும் அளவு வேறு. செலவிடத் தக்க அளவு வேறு. எண்ணெய் மானி, தொட்டிக்குள் மிதக்கும் ஒரு மிதவையின் உயரத்தையே காட்டுகிறது. தொட்டிகள் பலவும் நேரான பெட்டி வடிவில் இருப்பதில்லை. அதனால், சில வண்டிகளில் முள் நெடுநேரம் மேலேயே நின்று, பாதிக்குக் கீழே வந்தபின் விரைந்து இறங்கும். வண்டி சாய்ந்து நின்றாலும் முள் பொய் சொல்லும்.

பெட்ரோல் வண்டி எண்ணெய் தீர்ந்து நின்றால், மீண்டும் எண்ணெய் ஊற்றினால் பெரும்பாலும் ஓடிவிடும். டீசல் வண்டியிலோ எண்ணெய்க் குழாய்களில் காற்றுப் புகுந்துவிடும். அதை வெளியேற்றினாலன்றி இயந்திரம் மீண்டும் ஓடாது. இக்கால டீசல் இயந்திரங்களில் மிகுந்த அழுத்தத்துடன் எண்ணெயைச் செலுத்தும் பம்புக்கு, அந்த எண்ணெயே வழவழப்பும் தருகிறது. எண்ணெய் இல்லாமல் சுழன்றால் அப்பம்பு பழுதடையலாம். ஆதலால் தொட்டியின் அடியிலுள்ள 15 லிட்டரை இல்லாததாகவே கருதுவது அறிவுடைமை.

வீட்டு வண்டிகளில் குளிர்காயும் டீசல் அடுப்பும் பெரும்பாலும் இதே தொட்டியிலிருந்தே எண்ணெய் எடுக்கிறது. ஒரு குளிர் இரவில் அது குடிப்பது இரண்டு லிட்டர் அளவே எனினும், காலையில் கணக்குப் பார்ப்பவன் அதையும் கழிக்க வேண்டும். புகையைத் தூய்மையாக்குவதற்கு யூரியாக் கரைசல் வேண்டும் வண்டிகள் இப்போது பல. அக்கரைசல் தீர்ந்துவிட்டால், நிறுத்திய இயந்திரம் மீண்டும் கிளம்பாது. டீசல் நிறைந்திருந்தும் பயனில்லை. அதன் அளவையும் புறப்படுமுன் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இனி மாணவனின் கணக்கை மீண்டும் செய்யலாம். தொட்டி 90 லிட்டர். அடியிலுள்ள 15 போக 75. எதிர்காற்று நாளில் 100 கிலோமீட்டருக்கு 17 லிட்டர் ஆனதாகக் குறிப்பேடு காட்டுகிறது என்று வைத்துக்கொள்ளலாம். 75 லிட்டருக்கு 441 கிலோமீட்டர். 692 எங்கே, 441 எங்கே! வண்டி அதே வண்டிதான். தொட்டியும் அதே தொட்டிதான்.

அடுத்ததற்கு அடுத்த பம்பு

441 கிலோமீட்டரும் 200-ஐவிட மிகுதியே. எனினும், வரைபடத்தில் ஊர் இருப்பது வேறு. அங்கே பம்பு வேலை செய்வது வேறு. மின்பொறி பழுதாகலாம், எண்ணெய் லாரி வராதிருக்கலாம், உரிமையாளர் கடையை மூடியிருக்கலாம். 2019 டிசம்பர் இறுதியில் காட்டுத்தீயின் காரணமாக எயர் நெடுஞ்சாலை மூடப்பட்டு, 2020 சனவரியில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. அந்நாட்களில் பயணிகள் பலர் வழியிலே தங்கிக் காத்திருக்க வேண்டியதாயிற்று. முன்னே செல்ல இயலாதபோது, வந்த வழியே திரும்புவதற்கும் எண்ணெய் வேண்டும்.

இவ்விரண்டு இடர்களுக்கும் ஒரே விதி போதும்: ஒரு பம்பை விட்டு அகலும்போது, அடுத்த பம்பை மட்டுமன்றி அதற்கு அடுத்ததையும் எட்டும் அளவு எண்ணெய் வண்டியில் இருக்க வேண்டும். நார்ஸ்மனில் புறப்படுபவனுக்குப் பல்லடோனியா பம்பு மூடியிருந்தால் கைகுனா வரை 373 கிலோமீட்டர். பல்லடோனியாவிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டாலோ போக வர 382. இரண்டும் 441-க்குள் அடங்குகின்றன.

ஆனால் நிரப்பாமலே பல்லடோனியாவைக் கடக்கலாமா? அங்கே மீந்திருப்பது 250 கிலோமீட்டருக்குரிய எண்ணெய். கைகுனாவைக் கடந்து காக்கில்பிடி வரை 247. மிச்சம் மூன்றே கிலோமீட்டர்! ஆகவே பல்லடோனியாவில் நிரப்புதலே முறை. இவ்வாறு ஒவ்வொரு நிலையத்திலும் கணக்கிட்டால், பல்லடோனியாவுக்குப் பின் காக்கில்பிடியிலும், எல்லைக்கு முன் யூக்ளாவிலும், பின்னர் நல்லர்பார் நிலையத்திலும் நிரப்ப வேண்டும் என்பது தெளிவாகும். யூக்ளாவிலிருந்து நல்லர்பார் நிலையத்தை அடைந்தவனிடம் 242 கிலோமீட்டருக்குரிய எண்ணெய் மீந்திருக்கும். நண்ட்ரூவைக் கடந்து பெனோங் வரை 224. விதியின்படி அங்கே நிரப்பாமல் போகலாம். எனினும் எஞ்சுவது 18 கிலோமீட்டரே ஆதலின், நிரப்பிச் செல்வதே நன்று.

பம்பும் கடிகாரமும்

இத்திட்டத்தில் கடிகாரத்திற்கும் இடமுண்டு. பம்புகள் யாவும் இரவு முழுதும் திறந்திருப்பவை அல்ல. தெற்கு ஆஸ்திரேலிய நேரம் மேற்கு ஆஸ்திரேலிய நேரத்திற்கு ஒன்றரை மணி முந்தியது. கோடையில் அது இரண்டரை மணி ஆகும். யூக்ளாப் பகுதி மக்களோ மேற்கு நேரத்திற்கு முக்கால் மணி முந்திய தனி நேரமொன்றை வழங்குகின்றனர். தன் கைக்கடிகாரத்தைத் திருத்தாமல் கிழக்கே செல்பவன், மாலை ஆறு மணி என எண்ணி ஏழரைக்குப் போய்ச் சேர்வான். பம்பு பூட்டியிருந்தால் அடுத்ததற்கு ஓடுவதும் எளிதன்று. அந்தி மயங்கியபின் கங்காருகள் சாலையைக் கடப்பதால் இரவில் வண்டி ஓட்டுவது ஆபத்து. ஆகவே, பகலிலேயே பம்பை அடையுமாறு திட்டமிடுவதும், முன்கூட்டியே தொலைபேசியில் விசாரித்துக்கொள்வதும் கடமையாகும். வழியின் பெரும்பகுதியில் கைத்தொலைபேசிக்குத் தொடர்பு கிடைக்காது என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும்.

இவ்வளவும் அறிந்தவரைக்கூடத் தடுமாறச் செய்வது விலை. நகரத்தைவிட இந்நிலையங்களில் டீசல் விலை மிகுதி. லிட்டருக்கு 50 காசு கூடுதலென்றால், 40 லிட்டருக்கு 20 டாலர். அந்த 20 டாலரை மிச்சப்படுத்த எண்ணி ஒரு பம்பைத் தாண்டுபவன் நடுவழியில் நின்றால், இழுவை வண்டிக்குக் கொடுக்க வேண்டியது அதைப் போலப் பல மடங்கு. கோடை வெயிலில் குழந்தைகளுடன் காத்திருக்கும் துன்பத்திற்கோ விலையே இல்லை.

1841-ஆம் ஆண்டில் எட்வர்ட் ஜான் எயர் இக்கரையோரமாக மேற்கு நோக்கி நடந்தபோது, அவர் கணக்கிட வேண்டியிருந்தது தண்ணீரை. ஒரு நீர்நிலையை விட்டு அகல்வதற்குமுன் அடுத்த நீர்நிலை எங்கே என்று அறிய வேண்டும்; மணல்மேடுகளின் நடுவே நீருள்ள இடங்களை அவருக்குக் காட்டியவர்கள் அந்நிலத்தின் பழங்குடி மக்கள். உடன்வந்த மேற்பார்வையாளர் பாக்ஸ்டர் வழியிலே கொலையுண்டார். வைலி என்னும் பழங்குடி இளைஞர் ஒருவரே எயருடன் இறுதிவரை சென்று ஆல்பனியை அடைந்தார். இன்று அவர் பெயர் தாங்கிய சாலையில் குளிர்ந்த காற்று வீசும் வண்டிக்குள் அமர்ந்து செல்பவர்க்கும் அந்தக் கேள்வி மாறவில்லை: அடுத்தது எங்கே, அது இல்லையெனில் அதற்கு அடுத்தது எங்கே? புறப்படும் பம்பின் அருகிலேயே குறிப்பேட்டைத் திறந்து இதற்கு விடை எழுதிக்கொண்டவர், பிறகு கவலையின்றிச் சமவெளியைப் பார்த்துக்கொண்டு போகலாம்.