செர்ரி பூக்கும் காலத்து விடைபெறல்

கியோத்தோ நகரத்தில் மார்ச் மாதத்தின் கடைசி வாரத்தை ஒட்டிச் செர்ரி மரங்கள் பூக்கத் தொடங்குகின்றன. உலகின் நாலா திசைகளிலிருந்தும் பிரயாணிகள் வந்து குவிந்து, விடுதிகளில் ஓர் அறைகூடக் காலியில்லாமற் போகும் காலம் அது. ஜப்பானியக் கல்வியாண்டு முடிந்து, படிப்பைப் பூர்த்தி செய்த மாணவர்கள் ஊர் பெயர்ந்து போவதும் அதே மார்ச்சில்தான். இவ்விரண்டும் ஒரே சமயத்தில் நேர்வதால் உண்டாகும் தர்மசங்கடம் மலர் பார்க்க வந்தவருக்குத் தெரியாது. அவர் தங்கும் விடுதியில் பகுதிநேர வேலை பார்க்கும் அயல்நாட்டு மாணவிக்கு நன்றாகத் தெரியும்.

ரியோகான் எனப்படும் ஜப்பானியப் பாரம்பரிய விடுதிகள் சிலவற்றின் வயதை நூற்றாண்டுக் கணக்கில்தான் சொல்ல வேண்டும். யாமனாஷி மாநிலத்திலுள்ள கெய்யுன்கான், கி.பி. 705இல் தோன்றியதாகக் கொள்ளப்பட்டு, உலகின் மிகப் பழைய விடுதியென்று கின்னஸ் பதிவேட்டில் இடம்பெற்றிருக்கிறது. இத்தனை தொன்மையான உபசார மரபு, 2024ஆம் ஆண்டில் மட்டும் சுமார் 3 கோடியே 69 லட்சம் அயல்நாட்டார் வந்துபோன தேசத்தில், இளைஞர் தொகை வருஷத்துக்கு வருஷம் அருகிவரும் காரணத்தால், நேபாளத்திலிருந்தும் வியட்நாமிலிருந்தும் படிக்க வந்த பிள்ளைகளின் கரங்களையும் இன்று நம்பியிருக்கிறது.

அந்தக் கரங்கள் செய்யும் வேலையைச் சற்று அருகிலிருந்து பார்ப்போம். விருந்தினர் இரவு உணவில் அமர்ந்திருக்கும் நேரத்தில், மாணவி அறையின் நகர்கதவுக்கு முன் மண்டியிட்டு அதைத் திறந்து, தாத்தாமி என்ற பாய்த்தரையின் துணிக்கரையை மிதித்துவிடாமல் அடியெடுத்து வைத்து, நடுவிலுள்ள தாழ்ந்த மேசையை ஓரமாக நகர்த்தி, சுவரலமாரியிலிருந்து மெத்தையை இறக்கி, விளிம்பும் விளிம்பும் நேராக நிற்கும்படி விரித்து, வந்த சுவடு தெரியாமல் திரும்ப வேண்டும். பார்க்க எளிதாகத் தோன்றும்; பழக மாதக்கணக்காகும்.

படிப்பே பிரதானம் என்பதால், மாணவ விசாவில் இருப்பவர் தனியே அனுமதி பெற்று வாரத்திற்கு 28 மணி நேரம் வரையில்தான் வேலை செய்யலாம். நீண்ட விடுமுறை நாட்களில் நாளொன்றுக்கு 8 மணி நேரம் வரை அனுமதி உண்டு. வரம்பை மீறினால் விசாவைப் புதுப்பிப்பதே சந்தேகமாகிவிடும். பலரும் கவனியாத மற்றொரு விதியும் இருக்கிறது. படிப்பு முடிந்த பிறகு, விசாவில் நாட்கள் மீந்திருந்தாலும், அந்த அனுமதியைக் கொண்டு வேலையைத் தொடர முடியாது. ஆகவே படிப்பு முடிகிற மாணவி மார்ச் முடிவில் விலகுவது விருப்பத்தைப் பொறுத்த விஷயமாகவே இருப்பதில்லை.

ஆயினும் அதைச் சொல்ல நாக்கு எழுவதில்லை. பூக்காலத்துக் கூட்டத்தின் நடுவில் கைவிட்டுப் போகிறாயே என்று ஓகாமி என்ற விடுதி யஜமானி மனம் வருந்துவாளே என்று தயங்கி, நாளைக்குச் சொல்லலாம் என்று நாட்களைத் தள்ளி, கடைசியில் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடுகிற பிள்ளைகள் உண்டு. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்நிய பாஷையில் ஒரு வேண்டுகோளைச் சொல்வதே கடினம். மறுப்பைச் சொல்வது அதனினும் கடினம். அவர்களுக்குச் சட்டத்தை யாரும் எடுத்துச் சொல்லாததுதான் என் வருத்தம்.

ஜப்பானிய சிவில் சட்டப்படி, காலவரையறையின்றி வேலைக்கு அமர்ந்தவர், விலகுவதாகத் தெரிவித்து 2 வாரங்கள் கழிந்தால், எதிர்த்தரப்பின் சம்மதம் இல்லாமலே விடுதலை பெறுகிறார். காலவரையறை குறித்த ஒப்பந்தமாயின் தக்க காரணம் காட்ட வேண்டும். ஓராண்டு கடந்துவிட்டால் பெரும்பாலும் அதுவும் தேவையில்லை. “உனக்குப் பதில் ஓர் ஆளைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டுப் போ” என்று மிரட்டுவதற்குச் சட்டத்தில் ஆதாரமே கிடையாது. வேலையை விட்டால் இன்ன தொகை அபராதம் என்று முன்கூட்டி எழுதி வாங்குவதை 1947ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் தடைசெய்கிறது. விலகியவர் கேட்டால் செய்த வேலைக்குரிய கூலியை 7 நாட்களுக்குள் கொடுத்துவிட வேண்டும் என்றும் விதிக்கிறது. அயல்நாட்டார் என்பதற்காக இதில் பேதம் பாராட்டக் கூடாது. வாரம் 4 நாள் வீதம் ஆறு மாதம் ஒழுங்காக உழைத்தவளுக்குச் சம்பளத்தோடு கூடிய விடுப்பு 7 நாள் உண்டென்பதையும், விலகுமுன் அதைக் கேட்டுப் பெறலாம் என்பதையும் எத்தனை பேர் அறிவார்கள்?

சட்டம் கேட்பது இரண்டு வாரம்; வழக்கம் எதிர்பார்ப்பது ஒரு மாதம். அந்த ஒரு மாதத்தை நான் நியாயமென்றே கருதுகிறேன். பறந்துபோகும் பறவை நீரைக் கலக்கிவிட்டுப் போவதில்லை என்று ஜப்பானியர் ஒரு பழமொழி சொல்வார்கள். கலக்காமல் போவதற்குக் கொஞ்சம் அவகாசம் வேண்டும் அல்லவா? எந்த அறையின் கதவு மழைநாளில் சிக்கும், வழக்கமாக வரும் முதியவருக்கு எத்தனை தலையணை வேண்டும் என்பன போன்ற சங்கதிகள் அவளுடைய நினைவில் மட்டும் இருக்கின்றன. அவற்றை ஒரு சிறு நோட்டில் எழுதி, அடுத்து வருகிறவளிடம் ஒப்படைக்க வேண்டும்.

கடைசி இரவில், துவைத்து மடித்த சீருடையையும் தன் உடைமைகளை வைத்திருந்த பெட்டியின் சாவியையும் திருப்பிக் கொடுக்கிறாள். ஓய்வறை மேசையில் ஒரு மிட்டாய்ப் பெட்டியை வைக்கிறாள். காலை முறைக்கு வருகிறவர்களும் ஆளுக்கொன்றாக எடுத்துக்கொள்ளும்படி ஒவ்வொன்றும் தனித்தனிக் காகிதத்தில் சுற்றியது. “ஓசெவா நி நாரிமாஷிதா”, உங்கள் ஆதரவில் இருந்தேன் என்று தலைவணங்கிவிட்டுப் பின்வாசலில் செருப்பை மாட்டிக்கொள்கிறாள். மறுநாள் மாலை, விருந்தினர் உணவுக்கு எழுந்து போனதும், அந்த நோட்டை இடுப்பில் செருகிக்கொண்டு மற்றொரு பிள்ளை கதவுக்கு முன் மண்டியிடுவாள்.