பல்லைக் காத்தலோ, பல்லை நாட்டலோ?

“பல் போனால் சொல் போயிற்று” என்பது நம்மவரிடையே வழங்கும் பழமொழி. இது வெறும் பேச்சன்று. எழுத்துக்களின் பிறப்பினைக் கூறப் புகுந்த தொல்காப்பியர், பிறப்பிற்குரிய எட்டுறுப்புக்களுள் பல்லையும் ஒன்றாக வைத்தெண்ணினார். மேற்பல்லின் அடியை நாநுனி பொருந்தாவிடின் தகரமும் நகரமும் செவ்வனே பிறவா. கீழிதழ் மேற்பல்லைப் பொருந்தாவிடின் வகரம் பிறவாது. உணவுக்கும் உரைக்கும் ஒருங்கே உதவும் இவ்வுறுப்புப் பழுதுற்றவிடத்து, அதனைச் செப்பனிட்டுக் காத்தல் நன்றோ, களைந்துவிட்டு உலோக வேருடைய புதுப்பல் நாட்டுதல் நன்றோ என்னும் வினா இக்காலத்திற் பலர்க்கும் எழுகின்றது. யாம் பல்வைத்தியரல்லேம், எனினும், வைத்தியர் கூறுவதை விளங்கிக்கொண்டு முடிவு செய்தற்கு வேண்டுமளவு ஈண்டு எடுத்துரைப்பாம்.

முதற்கண் பல்லின் அமைப்பை நோக்குவாம். வெளியே தோன்றும் முடியைப் போர்த்திருப்பது மிளிரி. உடம்பிலுள்ள பொருள்களெல்லாவற்றுள்ளும் வன்மை மிக்கது அதுவே. ஆயினும் ஒருமுறை அழிந்தால் மீண்டும் வளராது. அதனுள்ளே பன்முதலும், நடுவே நரம்பும் குருதிக்கலன்களும் பொருந்திய மச்சையும் உள. வேரானது தாடையெலும்போடு நேரே ஒட்டியிருப்பதன்று. மெல்லிய நார்த்தொகுதியொன்று இடைநின்று அதனைத் தாங்குகின்றது. சோற்றிற் கிடந்த சிறுகல்லைக் கடித்த மாத்திரத்தே நாம் உணர்ந்துகொள்வது பெரிதும் இந்நார்களின் உணர்ச்சியாலேயாம்.

சூத்தை மிளிரியையும் பன்முதலையும் மட்டும் அரித்திருப்பின், பழுதை அகற்றி அடைத்தலே போதும். மச்சையை எட்டிவிட்டால் வேர்க்கால்வாய்ச் சிகிச்சை வேண்டும். நோயுற்ற மச்சையை நீக்கி, கால்வாய்களைத் துப்புரவாக்கி, குத்தாபேர்ச்சா என்னும் பொருளால் அடைப்பர். நம்மவர் பலர் முன்னாளில் உத்தியோகம் பார்த்த மலாயாவில் வளரும் ஒருவகை மரத்தின் பாலே இது. பின்னர்ப் பல்லின்மேல் கவசமுடி அணிவிப்பர். கடைவாய்ப் பற்களுக்கு இது பெரிதும் வேண்டப்படுவது. உட்குடைந்த பல் மெல்லும் பாரத்தாற் பிளவுபடக்கூடும். “மச்சை நீங்கிய பல் செத்த பல்லன்றோ?” என வினவுவாருளர். அன்று, வேரைச் சூழ்ந்த நார்கள் உயிரோடிருக்கின்றன. ஆதலின் கடியுணர்ச்சியும் அழியாது, எலும்பும் தன்னிலையில் நிற்கும்.

இனி, நாட்டுபல்லின் வரலாறு. 1952ஆம் ஆண்டில், சுவீடன் தேசத்து லுண்ட் நகரில், பிரானெமார்க் என்னும் ஆராய்ச்சியாளர் குருதியோட்டத்தைக் காணுதற்பொருட்டு முயலின் எலும்பினுள் தைட்டேனியக் கருவியொன்றைப் பொருத்தினார். ஆய்வு முடிந்து கழற்ற முற்பட்டபோது, எலும்பு அவ்வுலோகத்தோடு இறுகப் பொருந்திவிட்டமையைக் கண்டார். 1965இல் கோதன்பேர்க் நகரில் முதல் நோயாளிக்குத் தாடையில் இவ்வுலோகத் திருகுகளைப் பதித்தார். அந்நோயாளி 2006இல் இறக்கும்வரை அவை அவருக்கு உதவின.

இம்முறையில், பதித்த திருகு எலும்போடு பொருந்துதற்குப் பெரும்பாலும் 3 முதல் 6 மாதங்கள் செல்லும். அதன்பின்னரே முடி அணிவிப்பது வழக்கம். நாட்டுபல்லுக்குச் சூத்தை இல்லை. ஆயினும், துப்புரவு குன்றினால் சூழவுள்ள முரசு அழன்று எலும்பு கரையும். இயற்கை நார்கள் இன்மையின் கடியுணர்ச்சியும் குறையும். புகைப்போர்க்கும், நீரிழிவைக் கட்டுப்படுத்தாதோர்க்கும் இது தவறுதல் மிகுதி. தாடை வளர்ச்சி முற்றுப்பெறாத மாணவர்க்கு இது பொருந்தாது. அயற்பற்கள் வளர்ச்சியோடு நகர, நாட்டிய பல் நின்ற இடத்திலேயே நிற்கும்.

எதனைத் தெரிவது? வைத்தியரிடம் நான்கு வினாக்களைக் கேட்க. ஒன்று: முரசுக்கு மேலே, சுற்றிலும் ஏறக்குறைய 2 மில்லிமீற்றர் உறுதியான பல் எஞ்சியுள்ளதா? அஃதின்றேல் கவசமுடி நெடுங்காலம் நில்லாது. இரண்டு: வேர் நெடுக்காகப் பிளந்துள்ளதா? பிளந்ததாயின் பெரும்பாலும் களைதலே வழி. மூன்று: பல்லைத் தாங்கும் எலும்பும் முரசும் நன்னிலையில் உள்ளனவா? நான்கு: நமது உடல்நிலையும் பொருள்நிலையும் எதற்கு இடங்கொடுக்கும்? பல்லைக் களைந்தவர்க்கும் நாட்டுபல் ஒன்றே கதியென்பதன்று; அயற்பற்களைத் தேய்த்துக் கட்டும் பாலப்பல்லும், கழற்றி மாட்டும் பல்லும் உள.

‘புதியது நெடிது நிற்கும்’ என்னும் எண்ணம் சரியன்று. செவ்வையாகச் சிகிச்சை செய்து முடியணிந்த பல்லும், தனி நாட்டுபல்லும் ஏறத்தாழ ஒரே அளவில் நிலைத்து நிற்கின்றன என்பதே ஆராய்ச்சிகளின் முடிபு. இலக்கணத்தார் கூறும் விகாரம் மூன்றனுள், செப்பனிடல் திரிதல் போல்வது, களைதல் கெடுதல், நாட்டுதல் தோன்றல். திரிந்ததைப் பின்னொருநாள் கெடுத்துப் புதியது தோற்றுவிக்கலாம். கெடுத்ததை மீளத் திரித்தல் இயலாது. ஆதலின், காக்கத்தக்க பல்லைக் காத்தலே முதற்கடன். காக்கலாகாத பல்லுக்கு வீணே பணம் இறைத்தலும் அறிவுடைமையன்று. களைந்தபின் எலும்பு நாளடைவில் தேயுமாதலின், அடுத்து யாது செய்வதென்பதைக் களையுமுன்னரே வைத்தியருடன் ஆராய்தல் வேண்டும்.

பழைய மாணவ அன்பர்களே, நோவின் மிகுதியால் “பிடுங்கிவிடுங்கள்” என்று சொல்லுமுன் மேற்கூறிய நான்கையும் வினவுமின். மாணவச் செல்வங்களே, நாள்தோறும் இருமுறை பல்துலக்கி, இனிப்பைக் குறைத்து, புகையிலையைத் தீண்டாது வாழ்வீராயின், இவ்வினாக்களுள் ஒன்றையேனும் கேட்கவேண்டிய நாள் உங்களுக்கு வருதல் அரிது.